பிக்கப் ஹெட்லைற் மினுக்கி மினுக்கி எரியுதா? முதல்ல எர்த்தைப் பாருங்கோ

பிக்கப் வச்சிருக்கிற கனபேர் ஹெட்லைற் மினுக்கத் தொடங்கின உடன பல்பை மாத்துவினம், சரிவரேல்ல எண்டால் பற்றரியை மாத்துவினம், கடைசியில பற்றரியைச் சார்ஜ் பண்ணுற ஆல்ரனேற்றரையும் கழட்டிக் குடுத்திட்டு நிப்பினம், காசு போனதுதான் மிச்சம். எங்கட யாழ்ப்பாணப் பக்கத்து உப்புக்காத்துக்கு, அதுவும் பண்ணைப் பாலத்தால தீவுப்பக்கம் போய்வாற வண்டி, மயிலிட்டி, பருத்தித்துறைப் பக்கம் மீன் ஏத்துற வண்டி எண்டால் முதல் சந்தேகம் எர்த்திலதான் வரோணும், எர்த் எண்டால் கரண்ட் வண்டிப் பொடி இரும்பால பற்றரி மைனசுக்குத் திரும்பிப் போற வழி. உதை நாளைக்குப் பாப்பம் எண்டு தள்ளிப்போடாதேங்கோ, இரவில ஏ9 றோட்டில மாடு குறுக்க நிக்கேக்க லைற் ஒரு செக்கன் போனாலும் உயிர் போற அலுவல்.

ஸ்பனரைத் தூக்க முதல் எப்பிடி மினுக்குது எண்டு வடிவாப் பாருங்கோ, பாதி விடை அதிலயே கிடக்கு. ஒரு பக்க லைற் மட்டும் மினுக்கினால் அந்தப் பக்கத்து பல்ப், கனெக்டர், எர்த், இதுகளைத்தான் முதல்ல பாக்கோணும். ரெண்டும் சேர்ந்து மினுக்கி டாஷ்போட் லைற்றும் கூடவே ஆடினால் பற்றரி ரேர்மினல் இல்லாட்டி சார்ஜிங். டாஷ்போட் ஒழுங்கா இருக்க ஹெட்லைற் ரெண்டும் மட்டும் ஆடினால் சுவிச், றிலே (சுவிச்சின்ர சின்னக் கரண்டால லைற்றின்ர பெரிய கரண்டைப் போட்டு நூக்கிற சின்னப் பெட்டி), இல்லாட்டி ரெண்டுக்கும் பொதுவான எர்த். பள்ளத்தில விழேக்க மட்டும் மினுக்கினால் எங்கயோ லூஸ். கொஞ்ச நேரம் எரிஞ்சு முழுசா நூந்து பிறகு தானா வந்தால் எங்கயோ ஒண்டு சூடேறி விடுது, பழைய வண்டி சிலதில பியூசுக்குப் பதிலா சேர்க்கிட் பிரேக்கர் இருக்கும், லோட் கூடினால் அது இந்த வேலைதான் செய்யும்.

இனி வோல்ற் அளக்கிற மல்ரிமீற்றர் ஒண்டு எடுங்கோ, விலை குறைஞ்சது காணும். எஞ்சின் நிண்டு கொஞ்ச நேரத்துக்குப் பிறகு பற்றரியில 12.6 வோல்ற் கிட்ட இருந்தால் அது நல்ல சார்ஜில இருக்கு. ஸ்ராட் பண்ணினால் 13.8 இல இருந்து 14.5 வரைக்கும் வரோணும். ஹெட்லைற், ஏசி எல்லாம் போட்டு ஐடிலில விட 13 க்குக் கீழ இறங்கினால் பெல்ட் லூசா, ஆல்ரனேற்றர் பிரஷ் தேஞ்சு போச்சா எண்டு பாருங்கோ. 15 க்கு மேல ஏறினால் ரெகுலேற்றர் பிழை, அப்பிடியே ஓடினால் பல்பும் போகும் பற்றரியும் கொதிச்சுப் போகும். மீற்றரை ஏசி வோல்ற்றில (வண்டி ஏசி இல்லை, மாறுமின்னோட்டம்) வச்சும் எஞ்சின் ஓட ஒருக்கா அளவுங்கோ, அரை வோல்ற்றுக்கு மேல காட்டினால் ஆல்ரனேற்றருக்குள்ள கரண்டை ஒருபக்கமா மட்டும் விடுற டயோட் போயிருக்கலாம், அது வண்டி வயரிங் வேலை செய்யிற பாஸிட்டக் குடுக்கிற வேலை.

சார்ஜிங் சரியெண்டால் பற்றரி ரேர்மினல். கையால ஆட்டிப் பாருங்கோ, கொஞ்சமெண்டாலும் அசையக்கூடாது. களிம்பு பூத்திருந்தால் மைனசை முதல்ல கழட்டுங்கோ, பிறகு பிளஸ், அப்பச்சோடாவைச் சுடுதண்ணியில கரைச்சு ஊத்தி பிரஷ்ஷால தேய்ச்சு, காய விட்டு இறுக்கிப் பூட்டிப்போட்டு மேலால வாஸ்லின் பூசுங்கோ. பூட்டேக்க மைனஸ் கடைசி.

இப்ப எர்த். ஹெட்லைற்றுக்குப் பின்னால வண்டிப் பொடியில ஒரு சின்ன போல்ற்றில கறுப்பு வயர், சில வண்டியில வெள்ளையில கறுப்புக் கோடு போட்ட வயர், வந்து பூட்டிக் கிடக்கும். மேலால பாக்க நல்லாத்தான் இருக்கும், கழட்டினால்தான் தெரியும், வளையத்துக்குக் கீழ பெயின்ற் ஊதி, இரும்பு செம்மண் மாதிரிப் பொடிஞ்சு, வயர் நுனியில பச்சைக் களிம்பு ஏறிக்கிடக்கும். கழட்ட முதல் ஒரு சோதினை செய்யுங்கோ: லைற்றைப் போட்டு மீற்றரின்ர ஒரு முனையை அந்த வளையத்திலயும் மற்றதைப் பற்றரி மைனசிலயும் வையுங்கோ. 0.2 வோல்ற்றுக்குக் குறைய இருந்தால் நல்லம், அரை வோல்ற் காட்டினால் கள்ளன் பிடிபட்டான். மீற்றர் இல்லாதவை தடிச்ச வயர் ஒண்டால வளையத்தையும் மைனசையும் தொடுத்துப் பாருங்கோ, மினுக்கிறது நிண்டால் அதே முடிவுதான். களிம்பேறின நுனியை வெட்டிப் புது வளையம் போட்டு, பொடியில பெயின்ற்றை வெறும் இரும்பு தெரியச் சுரண்டி, இறுக்கிப் பூட்டினபிறகு கிறீஸ் பூசுங்கோ. பற்றரி மைனசில இருந்து பொடிக்கும் எஞ்சினுக்கும் போற தடிச்ச எர்த் வயரையும் அப்பிடியே பாத்திடுங்கோ, அதை ஒருத்தரும் பாக்கிறேல்லை.

ஒண்டு கவனிக்கோணும், பழைய ஜப்பான் பிக்கப் கனக்கில ஹெட்லைற் சுவிச்சும் டிம் சுவிச்சும் எர்த் பக்கத்தைத்தான் வெட்டி விடும், பல்புக்குப் பிளஸ் நேராப் போகும். அதால அந்த வண்டியளில பல்ப் கனெக்டரின்ர எர்த் காலில அளந்து குழம்பாமல், பொடி போல்ற்றிலயே அளவுங்கோ.

பிறகு பல்ப் கனெக்டர். எச்4 வகைப் பல்ப் 60/55 வோட் (ஹைக்கு 60, டிம்முக்கு 55), ரெண்டு பல்புக்கும் சேர்த்து கிட்டத்தட்ட 10 அம்பியர் ஓடும், பின் லூசெண்டால் அதில சூடேறி பிளாஸ்ரிக் உருகும். கருகியிருந்தால் சுரண்டிப் பூட்டாதேங்கோ, செராமிக் கனெக்டர் புதுசா போடுங்கோ. வெளிச்சம் காணாது எண்டு 100 வோட் பல்ப் போட்ட வண்டியளிலதான் உது கூட நடக்குது, கொம்பனி வயரிங் அதைத் தாங்காது, போடத்தான் வேணுமெண்டால் தனி வயரும் றிலேயும் இழுக்கோணும். புதுப் பல்பின்ர கண்ணாடியில விரல் படக்கூடாது, கையில இருக்கிற எண்ணெய் பட்ட இடம் கூடச் சூடாகிப் பல்ப் கெதியாப் போயிடும்.

றிலேயைப் பாக்கிறது லேசு. பியூஸ் பெட்டியில ஹோர்ன் றிலே அதே நம்பர் எண்டால் ரெண்டையும் மாத்திப் பூட்டிப் பாருங்கோ. சுவிச்சுக்கு, லைற் எரியேக்க சுவிச் கம்பை மெல்ல ஆட்டுங்கோ, மினுக்கினால் உள்ள கொன்ராக்ட் தேஞ்சிட்டுது.

வழமையான ஹலஜன் பல்பைக் கழட்டி எல்இடி போட்ட பிறகுதான் மினுக்குது எண்டால் வயரிங்கைக் கிண்டாதேங்கோ, முதல் பழைய ஹலஜனைத் திருப்பிப் போட்டுப் பாருங்கோ. புது வண்டி சிலதில கொம்பியூட்டர் லைற்றுக்குக் கரண்டை விட்டு விட்டுக் குடுக்கும், ஹலஜனில அது தெரியாது, எல்இடியில அப்பிடியே தெரியும். அதை நிப்பாட்ட டிகோடர் எண்டு ஒரு சின்னப் பெட்டி விக்கினம், ஆனா நான் சொல்லுவன் ஹலஜனையே வச்சிருங்கோ எண்டு, ஹலஜன் ரிஃப்ளெக்டருக்குள்ள எல்இடி போட்டால் ஒளி சிதறி எதிர வாற மோட்டச்சைக்கிள்காரனுக்குக் கண் தெரியாது.

எல்லாம் பூட்டி முடிய, இருட்டினபிறகு ஒரு சுவருக்கு நேர வண்டியை விட்டு, டிம்மிலயும் ஹையிலயும் போட்டு, எஞ்சினைக் கொஞ்சம் றேஸ் பண்ணி, ஒராளைப் பொனற்றுக்குள்ள வயர்க் கட்டை மெல்ல அசைக்கச் சொல்லுங்கோ. சுவரில வெளிச்சம் ஆடாமல் நிண்டால் வேலை முடிஞ்சுது, ஆடினால் அசைச்ச இடத்திலதான் வயர் உள்ளுக்க முறிஞ்சு கிடக்கு.