பத்துப் பேரும் தூங்கினார்கள்: "விழித்திருங்கள்" என்பதில் நாம் செய்யும் தவறுகள்

முழு இரவு ஜெபத்துக்கு முதல்முறையாகப் போனபோது எனக்கு வயது பத்தொன்பது. இரவு பத்து மணிக்குப் பாட்டு ஆரம்பித்தது. பன்னிரண்டரைக்குச் சுக்குக் காபி வந்தது. இரண்டு மணிக்கு மேல் பாயில் உட்கார்ந்திருந்த பாதிப் பேர் சுவரில் சாய்ந்துவிட்டார்கள். நான் சாயவில்லை. முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு, தொடையைக் கிள்ளிக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். தூங்கிப்போனவர்களைப் பார்த்து உள்ளுக்குள் கொஞ்சம் இளக்காரமும் இருந்தது, மறைப்பானேன்.

காலை ஐந்தரை பஸ்ஸில் கண்டக்டர், "சில்லறையா குடுப்பா" என்றார். அதற்கு நான் பேசிய பேச்சில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கையில் பைபிள் வேறு. பின் சீட்டிலிருந்த அக்கா ஒருவர், "என்ன தம்பி, கோயிலுக்குப் போயிட்டு வந்தா இப்படி?" என்று மெல்லக் கேட்டார். ராத்திரி முழுக்கக் கண்ணை மூடாதவன், விடிந்ததும் சில்லறைக்கு விழுந்தேன்.

"விழித்திருங்கள்" என்று இயேசு சொன்னதற்குத் தூங்காமல் இருப்பதுதான் அர்த்தம் என்று நினைப்பது எல்லாருக்கும் வரும் முதல் தவறு. முழு இரவு ஜெபம் வேண்டாம் என்று சொல்லவில்லை. இயேசுவே இரவு முழுவதும் ஜெபம் செய்ததாக லூக்கா எழுதுகிறார். ஆனால் மத்தேயு 25இல் வரும் பத்துக் கன்னிகைகளின் கதையை இன்னொரு தடவை நிதானமாக வாசியுங்கள். மணவாளனை எதிர்கொள்ள விளக்கோடு போன பத்துப் பேரில் ஐந்து பேர் கூடவே எண்ணெயும் கொண்டுபோனார்கள், ஐந்து பேர் கொண்டுபோகவில்லை. புத்தியில்லாத ஐந்து பேர் தூங்கினார்கள், புத்தியுள்ள ஐந்து பேர் விழித்திருந்தார்கள் என்றுதான் நம்மில் பலர் மனதில் வைத்திருக்கிறோம். வசனம் அப்படிச் சொல்லவில்லை. மணவாளன் வரத் தாமதித்தபோது "அவர்கள் எல்லாரும் நித்திரை மயக்கமடைந்து தூங்கிவிட்டார்கள்." எல்லாரும், பத்துப் பேரும்தான். வித்தியாசம் கண்ணில் இல்லை, எண்ணெயில் இருந்தது. அந்தக் கதையின் கடைசி வரிதான் "விழித்திருங்கள்." அப்படியானால், போதுமான எண்ணெயோடு அசந்து தூங்கியவளும் இயேசுவின் கணக்கில் விழித்திருந்தவள்தான்.

கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் வரும் "விழிப்பாயிருங்கள்" என்ற சொல் இந்த இடத்தில் கொஞ்சம் கைகொடுக்கிறது. விழித்திருப்பது கண்ணின் வேலை. விழிப்பாயிருப்பது முழு ஆளின் வேலை.

தேதி கேட்பவர்கள்

அடுத்த தவறு கொஞ்சம் பெரியது, சரித்திரமும் உள்ளது. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற விவசாயி, தானியேல் புத்தகத்தில் வரும் 2300 இராப்பகலை வருஷங்களாக வைத்து, இயேசு திரும்பி வரும் காலத்தைக் கணக்குப் போட்டார். அவரைப் பின்பற்றியவர்கள் கடைசியில் வந்து நின்ற தேதி 1844 அக்டோபர் 22. அறுவடை வேண்டாம் என்று வயலை அப்படியே விட்டவர்களும் அவர்களில் உண்டு. 23ஆம் தேதியும் வழக்கம்போல விடிந்தது. தென்கொரியாவில் ஒரு சபையினர் 1992 அக்டோபர் 28 என்றார்கள். அந்தச் சபையின் தலைவர் அந்தத் தேதிக்குப் பிறகு முதிர்வடையும் பத்திரங்களில் பணம் போட்டிருந்தது வழக்கில் தெரியவந்தது. அமெரிக்க வானொலிப் பிரசங்கி ஹெரால்ட் கேம்பிங் 2011 மே 21 என்றார், அது தாண்டியதும் அக்டோபர் 21 என்றார். அதுவும் தாண்டியது. 2012 மார்ச்சில் அப்படிச் சொன்னது பாவம் என்று எழுதி ஒத்துக்கொண்டார். அந்த அளவுக்கு அவர் தேவலாம்.

"அந்த நாளையும் அந்த நாழிகையையும்" பிதாவைத் தவிர ஒருவரும் அறியார், குமாரனும் அறியார் என்று மாற்கு 13:32 சொல்லிவிட்டது. இது தெரியாமல் யாரும் தேதி குறிப்பதில்லை. தெரிந்தேதான் குறிக்கிறார்கள். ஏன்? இயேசு சொன்ன திருடன் உவமையிலேயே பதில் இருக்கிறது. திருடன் எந்த ஜாமத்தில் வருவான் என்று தெரிந்திருந்தால் வீட்டுக்காரன் அந்த ஒரு ஜாமம் விழித்திருந்தால் போதும். மற்ற நேரம் படுத்துக்கொள்ளலாம். தேதி கேட்பவன் விழித்திருக்க விரும்பவில்லை, விழித்திருப்பதிலிருந்து விடுமுறை கேட்கிறான்.

4ஆம் நூற்றாண்டில் எகிப்துப் பாலைவனத்தில் வாழ்ந்த துறவி எவாக்ரியுஸ், மனச்சோர்வு பிடித்த துறவியை அப்படியே கண்முன் நிறுத்துகிறார். பகல் ஐம்பது மணி நேரம் நீளும் என்று தோன்றுகிறது அவருக்கு. ஜன்னல் பக்கமே கண் போகிறது. வெளியே வந்து, சாப்பாட்டு வேளையான ஒன்பதாம் மணிக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று சூரியனை அண்ணாந்து பார்க்கிறார். யாராவது வருகிறார்களா என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்க்கிறார். பார்வைக்குச் சுறுசுறுப்பான காவல்காரர் மாதிரிதான் இருக்கும். ஆனால் கையிலிருந்த வேலை கீழே கிடக்கிறது.

கையிலிருக்கும் வேலை என்பது நான் சேர்த்ததல்ல. மாற்கு 13:34இல் தூரதேசம் போகும் எஜமான், அவனவனுக்குத் தன் தன் வேலையைக் கொடுத்துவிட்டு, வாசல்காவலனுக்கு விழித்திருக்கச் சொல்லிவிட்டுப் போகிறான். மத்தேயு 24இல் "உண்மையும் விவேகமுமுள்ள" வேலைக்காரன் செய்த பெரிய காரியம் என்ன? வேளாவேளைக்கு வீட்டாருக்குச் சாப்பாடு கொடுத்தான். அவ்வளவுதான். கூரைமேல் ஏறி நின்று சாலையைப் பார்த்ததாக எழுதப்படவில்லை. தெசலோனிக்கேயாவில் சிலர் வேலையை விட்டுவிட்டு அலைந்தபோது பவுல், வேலைசெய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்று கறாராக எழுதினார்.

பயம் விழிப்பு ஆகாது

"கெர்ச்சிக்கிற சிங்கம்போல்" என்ற 1 பேதுரு 5:8 பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கும் வசனம். "அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்" என்ற வசனம் வீட்டுச் சுவர்களில் தொங்கும். இரண்டும் பக்கத்துப் பக்கத்து வசனங்கள் என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? 7ஆம் வசனத்தில் கவலையை இறக்கிவைத்துவிட்டுத்தான் 8ஆம் வசனத்தில் சிங்கத்தைப் பார்க்கச் சொல்கிறார். நாம் 8ஐ மட்டும் தனியே கிழித்தெடுத்து, தலைவலி வந்தாலும் பிசாசு, பைக் பஞ்சர் ஆனாலும் பிசாசு என்று ஆக்கிவிட்டோம்.

லூக்கா 21:34 இதைவிடக் கூர்மை. இருதயத்தைப் பாரமாக்குபவை என்று இயேசு மூன்றைச் சொல்கிறார்: பெருந்திண்டி, குடிவெறி, லவுகீகக் கவலை. குடியும் கவலையும் ஒரே வரிசையில்! ராத்திரி மூன்று மணிக்குக் கடனை நினைத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பவன் கண் விழித்திருக்கிறது. ஆனால் இந்த வசனத்தின்படி அவன் மயக்கத்தில் இருக்கிறான். (அவனைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்தக் கூரையை நானும் பார்த்தவன்தான்.)

பேதுருவின் நிருபத்தில் "தெளிந்த புத்தியுள்ளவர்களாயிருங்கள்" என்று வரும் இடத்தில் கிரேக்கத்தில் இருப்பது நேஃபோ என்ற வினை. குடித்திராமல் இருப்பது என்பதுதான் அதன் நேர்பொருள். தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் "தெளிந்த" என்று போட்டது எத்தனை பொருத்தம் பாருங்கள். "என்ன, தெளிஞ்சுதா?" என்று எதைக் கேட்போம்? போதையையும் கேட்போம், மயக்கத்தையும் கேட்போம். பதற்றமும் ஒரு போதைதான். அது தெளிந்தால்தான் எது சிங்கம், எது பக்கத்து வீட்டு நாய் என்று தெரியும்.

அடுத்தவர் வாசலைக் காவல் காப்பது இன்னொரு தவறு. யார் சபைக்கு வரவில்லை, யார் மகள் என்ன உடுத்தினாள் என்று குறிப்பெடுப்பவர்கள் எசேக்கியேல் தீர்க்கதரிசியின் புத்தகத்தில் வரும் காவற்காரனைத் துணைக்கு அழைப்பார்கள். அந்தக் காவற்காரன் எக்காளம் ஊதியது ஊருக்கு வெளியிலிருந்து வரும் பட்டயத்தைப் பார்த்து. ஊராரின் ஜன்னலுக்குள் பார்த்து அல்ல. இதற்குமேல் இதில் எழுத ஒன்றுமில்லை.

நல்ல கோட்டை, ஆளில்லாத சுவர்

வெளிப்படுத்தல் 3இல் சர்தை சபைக்கு எழுதிய கடிதத்தில் "நீ விழித்திராவிட்டால், திருடனைப்போல் உன்மேல் வருவேன்" என்று இருக்கிறது. சர்தை இன்றைய மேற்குத் துருக்கியில், சார்ட் என்ற ஊருக்குப் பக்கத்தில் இடிபாடாகக் கிடக்கிறது. செங்குத்தான மலைமேல் கோட்டை. கி.மு. 546 வாக்கில் பாரசீக அரசன் கோரேசு முற்றுகையிட்டபோது, ஒரு பக்கத்தில் காவலே போடவில்லை. அந்தப் பாறையில் எவன் ஏறுவான் என்ற நினைப்பு. கோட்டைக்குள்ளிருந்த வீரன் ஒருவனின் தலைக்கவசம் உருண்டு கீழே விழுந்தது. அவன் அந்தப் பாறை வழியாகவே இறங்கி, எடுத்துக்கொண்டு மேலே ஏறிப்போனான். கீழே ஒருவன் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அதே வழியில் ஆட்கள் ஏறினார்கள், கோட்டை விழுந்தது. இது கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்லும் கதை.

அதோடு முடியவில்லை. மூன்று நூற்றாண்டு கழித்து, மூன்றாம் அந்தியோகஸ் என்ற அரசன் முற்றுகையிட்டபோது அவன் படையிலிருந்த லாகோராஸ் என்பவன் ஒரு சுவரில் கழுகுகள் வந்து வந்து உட்காருவதைக் கவனித்தான். ஆள் நடமாட்டம் இருந்தால் கழுகு உட்காருமா? அங்கே காவல் இல்லை என்று முடிவுகட்டி, ஏணியோடு ராத்திரி ஏறினார்கள். இது பொலிபியஸ் என்ற இன்னொரு கிரேக்க வரலாற்றாசிரியர் எழுதியது. சர்தைக்கு யோவான் எழுதிய அந்தக் கடிதத்தில் இந்தக் கதைகள் இல்லை. ஆனால் ஊர் வரலாறு தெரிந்த சர்தைக்காரன் காதில் "விழித்துக்கொள்" என்ற சொல் எப்படி விழுந்திருக்கும் என்று உரையாளர்கள் பலரும் யோசித்திருக்கிறார்கள். இரண்டு தடவையும் எதிரி ஏறியது, பலம் என்று நம்பிய பக்கத்தில்.

பேதுருவும் அப்படித்தான் விழுந்தார். "நான் உம்மோடே மரிக்கவேண்டியதாயிருந்தாலும்" மறுதலிக்கமாட்டேன் என்றவர் அவர். தைரியம் அவருடைய செங்குத்துப் பாறை. இயேசு பிடிபட்ட ராத்திரி, கெத்செமனே தோட்டத்தில் ஜெபித்துவிட்டு அவர் திரும்பி வந்து எழுப்பும்போது, தாம் வைத்த பெயரான பேதுருவை விட்டுவிட்டு, "சீமோனே, நித்திரைபண்ணுகிறாயா?" என்று பழைய பெயரைச் சொல்கிறார். சீஷர்கள் துக்கத்தினாலே தூங்கினார்கள் என்று லூக்கா மட்டும் ஒரு வார்த்தை சேர்க்கிறார். சோம்பேறிகள் என்று திட்டுவதற்கு முன் அந்த வார்த்தையையும் வாசிக்க வேண்டும்.

மாற்கு 13:35இல் எஜமான் வரக்கூடிய நேரங்கள் நான்கு: சாயங்காலம், நடுராத்திரி, சேவல் கூவும் நேரம், காலை. நாலு ஜாமம் என்ற ரோமக் கணக்கு. நமக்கும் பழக்கமான கணக்குதான். அடுத்த அதிகாரத்திலிருந்து தொடர்ந்து வாசித்தால், சாயங்காலத்தில் இயேசு பன்னிருவரோடு பந்திக்கு வருகிறார். ராத்திரி தோட்டத்தில் மூன்று முறை வந்து பார்க்கிறார், மூன்று முறையும் தூக்கம். சேவல் கூவும்போது பேதுரு அழுகிறார். அதிகாலையில் இயேசுவைக் கட்டி, பிலாத்துவிடம் கொண்டுபோகிறார்கள். உலக முடிவுக்கென்று நாம் ஒதுக்கிவைத்த அந்த நான்கு ஜாமமும் அந்த ஒரே இராத்திரியில் வந்து போய்விட்டன, ஒருவரும் கவனிக்கவில்லை.

போர்ச்சேவகர் வந்தபோது பேதுரு பயப்படவில்லை. பட்டயத்தை உருவி ஒருவன் காதை வெட்டினார். விழுந்தது ஒரு வேலைக்காரப் பெண்ணிடம்: அவள் கேட்டதும், இயேசுவின் சீஷன் நான் அல்ல என்று மறுதலித்தார். யோவான் அவளை வாசல்காக்கிறவள் என்கிறார். மாற்கு 13இல் விழித்திருக்கச் சொல்லப்பட்ட வாசல்காவலனுக்கு வரும் அதே கிரேக்கச் சொல். அந்த ராத்திரியில் வாசலில் ஒழுங்காக விழித்திருந்தது அவள் ஒருத்திதான் போலிருக்கிறது. ஐந்தரை மணி பஸ்ஸை நினைத்துக்கொள்கிறேன். பட்டயத்தோடு வருகிறவனுக்கு நான் தயாராக இருந்தேன், சில்லறை கேட்கிறவருக்குத் தயாராக இல்லை.

இயேசு அன்று கேட்டதும் தனியாகக் காவல் நிற்கச் சொல்லி அல்ல. மத்தேயுவில் "என்னோடேகூட விழித்திருங்கள்" என்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பதை அல்ல, பக்கத்தில் இருப்பதைக் கேட்கிறார்.

பேதுரு குளிர்காய்ந்தபடி மறுதலித்த இடத்தில் எரிந்தது கரிநெருப்பு. அதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இன்னும் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது: யோவான் 21, திபேரியா கடற்கரை. அன்றைக்கும் பேதுரு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. வலை போட்டும் ஒரு மீன்கூடச் சிக்கவில்லை. விடியற்காலத்தில் கரையில் கரிநெருப்பு, அதன்மேல் மீன், பக்கத்தில் அப்பம். விழித்திருந்த வேலைக்காரரைப் பந்தியில் உட்காரவைத்து எஜமானே பரிமாறுவான் என்று லூக்கா 12இல் இயேசு சொல்லியிருந்தார். இங்கே பந்தியில் உட்கார்ந்தவர் தோட்டத்தில் தூங்கியவர். ஏன் தூங்கினாய் என்ற கேள்வி வரவில்லை. "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்றார். சாப்பிட்டு முடித்த பிறகு, கையில் ஒரு வேலையையும் கொடுத்தார், ஆடு மேய்க்கிற வேலை.