பழைய மாடல் ரயில் கைக்கு வந்ததும் செய்யக்கூடாதவை

பழைய மாடல் ரயில் ஒன்று அறுபது வருஷம் பெட்டிக்குள் பத்திரமாக இருந்துவிட்டு, புதிதாக வாங்கியவர் வீட்டில் முதல் வாரத்திலேயே பாழாவது சாதாரணமாக நடக்கிறது. காரணம் அலட்சியம் இல்லை, ஆசைதான். "ஓடுதா பார்ப்போம்" என்று உடனே கரண்ட் கொடுத்துவிடுகிறோம். பளபளப்பாக்க வேண்டும் என்று கையில் கிடைத்ததை வைத்துத் தேய்க்கிறோம். சிங்கப்பூர் ஈரப்பதம் மீதி வேலையைப் பார்த்துக்கொள்கிறது. கொஞ்சம் பொறுமையாக இருந்தால் இதில் பெரும்பாலானவற்றைத் தவிர்த்துவிடலாம்.

சுங்கை ரோடு சந்தை 2017இல் மூடப்பட்ட பிறகு, பழைய சாமான் கைமாறுவது பெரும்பாலும் இணையத்தில்தான். பொருளைக் கையில் எடுத்துப் பார்க்காமல் படத்தை மட்டும் நம்பி வாங்குகிறோம். முதல் தவறு அங்கேயே தொடங்குகிறது.

தண்டவாளத்தில் உட்கார்ந்தால் ஓடும் என்று நம்புவது

பிரிட்டனின் ஹார்ன்பி டப்ளோ ரயில் 1938இல் வந்தபோது அதற்கு மூன்று தண்டவாளம். நடுத் தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுக்கும். இரண்டு தண்டவாள வகை 1959இல்தான் வந்தது. ஜெர்மனியின் மார்க்லின் இன்னொரு மாதிரி: ஏசி மின்சாரம், நடுவிலிருந்து எடுப்பது, ஓட 16 வோல்ட், திசை மாற்ற ஒரு கணம் 24 வோல்ட். பிரிட்டனின் இன்னொரு ரயிலான ட்ரையாங் இரண்டு தண்டவாளம், 12 வோல்ட் டிசி. இவை மூன்றிலும் தண்டவாள இடைவெளி ஒன்றுதான், 16.5 மில்லிமீட்டர். அதனால் எது எதன் மேலும் அழகாக உட்காரும். ஆனால் ஓடாது.

ஓடாவிட்டால் பரவாயில்லை, கெட்டும் போகும். மூன்று தண்டவாள டப்ளோவின் உலோகச் சக்கரங்களுக்கு இடையே மின்காப்பு கிடையாது. அதை இரண்டு தண்டவாளத்தில் வைத்தால் நேராக ஷார்ட் சர்க்யூட். டிசி இன்ஜினை மார்க்லின் டிரான்ஸ்ஃபார்மரில் இணைத்தால் அது நகராமல் உறுமிக்கொண்டே சூடேறி, மோட்டார் சுருள் கருகிவிடும்.

வாங்கும் முன் இன்ஜினின் அடிப்பக்கப் படத்தைக் கேளுங்கள். வயிற்றுப் பக்கம் நடுவில் தகடோ நீளமான சறுக்குப் பட்டையோ தொங்கினால் அது நடுத் தண்டவாள வகை. ரயில் பெட்டிகள் என்றால், மின்தொடர்பு இருந்தால் சத்தமிடும் நிலையில் மல்ட்டிமீட்டரை வைத்து, அதன் ஒரு முனையை இடது சக்கரத்திலும் மறு முனையை வலது சக்கரத்திலும் வையுங்கள். சத்தம் வந்தால் காப்பு இல்லை என்று அர்த்தம். ஜப்பானின் காட்டோ, டோமிக்ஸ் என்-கேஜ் ரயில்களில் இந்தக் குழப்பம் இல்லை. 9 மில்லிமீட்டர் இடைவெளி என்பதால் இவற்றோடு சேரவே சேராது.

பழைய டிரான்ஸ்ஃபார்மரைச் சுவரில் செருகுவது

மற்ற தவறுகளில் ரயில் கெடும். இதில் உயிருக்கே ஆபத்து. ஐம்பதுகளின் மின்கம்பிகளில் ரப்பர் உறைதான். இத்தனை வருஷத்தில் அது காய்ந்து, வளைத்தால் உதிர்ந்துவிடும். வெளியே நன்றாகத் தெரிந்தாலும் பெட்டிக்குள் கம்பி அம்மணமாக இருக்கலாம். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சில பழைய கன்ட்ரோலர்களில், ஏசியை டிசியாக மாற்றும் செலினியம் ரெக்டிஃபையர் இருக்கும். அது எரிந்தால் வரும் புகை நச்சு.

நம் வீட்டில் வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்க லயனல் டிரான்ஸ்ஃபார்மர் 120 வோல்ட்டுக்கும் 60 ஹெர்ட்ஸுக்கும் செய்தது, ஜப்பானியது 100 வோல்ட்டுக்கு. பிளக் மாற்றும் அடாப்டர் ஊசியின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. லயனலுக்கு வோல்ட் குறைக்கும் பெட்டி வாங்கினாலும் 60 ஹெர்ட்ஸ் பிரச்சினை தீராது; 50 ஹெர்ட்ஸில் அது கூடுதலாகச் சூடேறும்.

பழைய டிரான்ஸ்ஃபார்மரை அலமாரியில் அழகுக்கு வையுங்கள். டிசி ரயில்களை ஓட்ட, பாதுகாப்புச் சின்னம் உள்ள புது 12 வோல்ட் டிசி அடாப்டரும் ஒரு கன்ட்ரோலரும் போதும். மார்க்லினுக்கு அந்த வகைக்கென்றே செய்த புது மின்மாற்றி வேண்டும். வெளிநாட்டிலிருந்து பழைய டிரான்ஸ்ஃபார்மரை வரவழைத்து, அந்தக் கனத்துக்குக் கப்பல் செலவும் அதன் மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் கட்டுவதை என்னால் ஒப்புக்கொள்ளவே முடியவில்லை.

சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்ப்பது

இறுகிப் போயிருக்கிறதா என்று பார்க்க எல்லாரும் சக்கரத்தைத்தான் தொடுவார்கள். பல பழைய இன்ஜின்களில் மோட்டார் அச்சில் புரியுள்ள பல்சக்கரம் இருக்கும். மோட்டார் சக்கரத்தைச் சுற்றும், ஆனால் சக்கரத்தால் மோட்டாரைச் சுற்ற முடியாது. அழுத்தித் தள்ளினால் பல் போய்விடும். குழந்தைகள் இன்ஜினைத் தரையில் தள்ளி விளையாடினாலும் இதேதான் நடக்கும். மேல்கூட்டைக் கழற்றி, மோட்டாரின் சுழலும் பகுதியை விரல் நுனியால் மெதுவாகத் திருப்புங்கள். திரும்பினால் மேலே போகலாம். இறுகியிருந்தால் பழைய கிரீஸ் பிசினாகியிருக்கும், அதைத் துடைத்து எடுக்கும்வரை கரண்ட் வேண்டாம்.

ட்ரையாங்கின் எக்ஸ்04 மோட்டாரை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். இரண்டு கார்பன் பிரஷ்களையும் ஒரே கம்பி ஸ்பிரிங் இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்திருக்கும். அந்த ஸ்பிரிங்கின் ஒரு கையில் மட்டும் சின்னதாக ஒரு உறை இருக்கும். ஒரு நூல் துண்டு அளவுதான், கழற்றும்போது எங்காவது உருண்டு போய்விடும். அது இல்லாமல் ஸ்பிரிங்கை மாட்டினால் இரண்டு பிரஷும் ஒன்றாகி ஷார்ட் ஆகும். ஸ்பிரிங் சூடேறித் தளர்ந்துவிடும். கழற்றும் முன் போனில் படம் எடுங்கள், கீழே ஒரு வெள்ளைத் தட்டு வையுங்கள்.

இதே மோட்டாரில் காந்தத்தைக் கழற்றுவது பெரிய தவறு. பழைய அல்நிக்கோ காந்தத்தை இரும்புச் சட்டத்திலிருந்து வெளியே எடுத்தால் அதன் பலம் குறைந்துவிடும். பிறகு மோட்டார் அதிக மின்சாரம் இழுக்கும், சூடாகும், ஆனால் பெட்டிகளை இழுக்காது. சுத்தம் செய்ய அதைக் கழற்ற வேண்டிய தேவையே பெரும்பாலும் வராது. கழற்றியே ஆக வேண்டுமென்றால், எடுக்கும்போதே இரு முனைகளையும் சேர்த்து ஒரு இரும்புத் துண்டை ஒட்ட வைத்துவிடுங்கள்.

எண்ணெய் விஷயத்தில் கை நீளக்கூடாது. அச்சு சுழலும் இடத்தில் ஊசி முனையால் ஒரு சொட்டு, அவ்வளவுதான். மேலே பீய்ச்சும் ஸ்பிரே, வீட்டுச் சமையல் எண்ணெய் இரண்டும் வேண்டாம். பிரஷ்கள் உரசும் செப்புப் பகுதியான கம்யூட்டேட்டரில் எண்ணெய் பட்டால் கார்பன் தூளோடு சேர்ந்து கறுப்புக் குழம்பாகி இடைவெளிகளை அடைத்துக்கொள்ளும்; பொறி பறக்கும். பல்குத்தும் குச்சியால் அந்த இடைவெளிகளை மெதுவாகக் கீறி எடுத்து, மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடையுங்கள்.

சாவி கொடுக்கும் ரயில் என்றால், ஸ்பிரிங் முறுக்கேறி இருக்கும்போது அதைத் திறக்கவே கூடாது. விரல் போய்விடும்.

ஈரத்தைக் கணக்கில் எடுக்காமல் வைப்பது

சிங்கப்பூரில் ஈரப்பதம் வருஷ சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். வீவக வீட்டில் மிச்ச இடம் என்றால் வீட்டுப் புகலிட அறைதான். காற்று அதிகம் புழங்காத அந்த அறையில் அட்டைப்பெட்டிகளைக் கீழே அடுக்கி மறந்துவிட்டால் பூஞ்சை பிடிக்கும், இரும்புத் தண்டவாளம் துருவேறும். ஏர்கான் அறை பாதுகாப்பு என்றும் நினைக்காதீர்கள். நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்ததும் குளிர்ந்த உலோகத்தில் நீர் முத்து கட்டும். கேமரா வைத்திருப்பவர்கள் பயன்படுத்தும் ஈரம் நீக்கும் அலமாரியை 45 முதல் 50 விழுக்காட்டில் வைத்தால் நல்லது. இன்னும் குறைத்தால் பழைய அட்டையும் ஸ்டிக்கரும் உலர்ந்து உரியும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா எல்லாவற்றுக்கும் சரிப்படாது. ஐம்பதுகளின் சில ட்ரையாங் கூடுகள் செல்லுலோஸ் அசிடேட்டில் செய்தவை. அவை கோணிக்கொள்ளும், புளித்த வாடையோடு அமிலமும் விடும். மூடிய டப்பாவில் அந்த அமிலம் பக்கத்து உலோகத்தையும் அரிக்கும். பெட்டிக்குள் இருக்கும் பழைய ஸ்பாஞ்சையும் எடுத்துவிடுங்கள், அது உருகிப் பெயிண்டில் ஒட்டிக்கொள்ளும்.

ஈரத்தால் இன்னும் மோசமாகும் நோய் ஒன்று உண்டு. போருக்கு முந்தைய துத்தநாக வார்ப்புகள் சிலவற்றில் காரீயக் கலப்பு இருந்தது. அது உள்ளிருந்தே வார்ப்பை அரித்து, ஊதி, விரிசல் விட்டு, கடைசியில் தூளாக்கும். இதற்கு மருந்து கிடையாது, ஆனால் பக்கத்து ரயிலுக்குத் தொற்றுவதும் கிடையாது. மெல்லிய விரிசல் வலையோ வில்லாக வளைந்த அடிச்சட்டமோ தெரிந்தால் கழற்றாதீர்கள். ஸ்குரூவைத் திருப்பும்போதே உடைந்துவிடும். அப்படியே காட்சிக்கு வையுங்கள்.

தேய்ப்பதும் பூசுவதும்

தண்டவாளத்தில் உப்புத்தாள் போட்டால் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும், அழுக்கு அதில் தங்கும். இரும்பு நார் இன்னும் கொடியது. அதன் துகளை மோட்டார் காந்தம் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆல்கஹால் துணி போதும். தாளிக்கும் புகையும் சாம்பிராணியும் தண்டவாளத்தில் பிசுக்காகப் படியும் என்பதால், நம் வீடுகளில் இதை அடிக்கடி செய்ய வேண்டியிருக்கும். ஆனால் அதே ஆல்கஹாலைத் தகர ரயிலின் அச்சுப் படத்தில் தொட்டுவிடாதீர்கள், படமே போய்விடும். அங்கே ஈரத் துணி, அப்புறம் உலர்ந்த துணி. புதுப் பெயிண்டும் அடிக்க வேண்டாம். தேய்ந்த பழைய நிறத்துக்குத்தான் சேகரிப்பாளர்களிடம் மதிப்பு.

ரயிலை டிஜிட்டல் முறையில் இயக்கும் சிப் பொருத்த ஆசைப்படுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எக்ஸ்04 போன்றவற்றில் ஒரு பிரஷ் உலோகச் சட்டத்தோடு இணைந்தே இருக்கும். அதைப் பிரிக்காமல் சிப்பை இணைத்தால், கரண்ட் கொடுத்ததுமே சிப் எரிந்துவிடும்.

எல்லாம் சரிபார்த்த பிறகு முதல் ஓட்டத்துக்குப் பெட்டி எதுவும் மாட்டாமல், குறைந்த வேகத்தில், இரண்டு திசையிலும் சில நிமிடங்கள் ஓட்டுங்கள். நிறுத்தி, மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் திரும்ப மேசைக்கு எடுத்துச் செல்லுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் ஒரு பெட்டியை மாட்டலாம்.