பிரபலங்களோட சர்ச்சையை நாடகம், ஓவியம் வழியா எப்படிப் புரிஞ்சுக்கிறது?

ஒரு நடிகரையோ பாடகரையோ பத்தி ஒரு குற்றச்சாட்டு வெளிய வந்த உடனே நமக்கு ரெண்டே வேலைதான் இருக்கிற மாதிரி ஆயிடுது, ஒண்ணு அப்படியே நம்பணும், இல்லன்னா அடியோட மறுக்கணும். நடுவுல கேக்க வேண்டிய கேள்வி எவ்ளோ இருக்கு, இதை முதல்ல வெளிய விட்டது யாரு, ஏன் இப்போ, யாரு வாயே திறக்கல, இதால யாருக்கு லாபம், கடைசில நஷ்டம் யார் தலைல விழப்போகுது. நாடகம் எழுதுறவங்க இதை எல்லாம் பல நூறு வருஷமா கேட்டுட்டு இருக்காங்க. அவங்க கிட்டருந்து அந்தப் பார்வைய எப்படி எடுத்துக்கிறதுன்னுதான் இங்க சொல்லப் போறேன், உண்மையாவே இது நமக்கு ரொம்ப தேவைப்படுதுன்னு நம்புறேன், ஏன்னா ஒவ்வொரு சர்ச்சைலயும் நிஜ மனுஷங்க அடிபடுறாங்க.

முதல் வேலை, பாத்திரப் பட்டியல் எழுதுங்க. அச்சடிச்ச நாடகத்துல முதல் பக்கத்துல இருக்குமே அதே மாதிரி. குற்றம் சாட்டப்பட்டவர், புகார் சொன்னவர்னு ரெண்டு பேரோட நிறுத்திடாதீங்க, மேனேஜர், வக்கீல், படத்துல பணம் போட்டவர், செய்திய முதல்ல போட்ட சேனல், ஃபேன் பேஜ் நடத்துறவங்க, எல்லாம் தெரிஞ்சும் பல வருஷமா சும்மா இருந்த கூட்டாளிங்க, ரெண்டு பக்கத்துக் குடும்பமும், எல்லாரையும் எழுதுங்க. ஒவ்வொரு பேர் பக்கத்துலயும் "இவருக்கு என்ன வேணும்"னு ஒரு வரி. நடிகருங்க ஒரு வேஷத்தைக் கையில எடுத்த உடனே கேக்குற கேள்வி இதுதான். அப்புறம் இதுவரைக்கும் ஒரு வசனம்கூட பேசாதவங்களை வட்டம் போடுங்க, பெரும்பாலும் அசிஸ்டென்ட், மேக்கப் பண்றவங்க, டிரைவர் மாதிரி கூடவே இருந்தவங்கதான் அந்த வட்டத்துக்குள்ள வருவாங்க, நிறைய தெரிஞ்சதும் அவங்களுக்குத்தான். பட்டியல்ல நம்மளையும் சேர்க்கணும். கிரேக்க நாடகத்துல கோரஸ்னு ஒரு கூட்டம் மேடைலயே இருந்து பாத்துக்கிட்டு, பயந்துக்கிட்டு, அப்பப்போ கருத்து சொல்லிக்கிட்டே இருக்கும், நம்ம இடம் அது.

வதந்தி பரவுற கட்டத்துக்கு ஷெரிடன் எழுதின ஸ்கூல் ஃபார் ஸ்கேண்டல் நாடகத்தை எடுத்துக்கங்க, 1777ல மேடையேறினது. முதல் காட்சியிலயே ஒரு சீமாட்டி, அடுத்தவங்களைப் பத்தி பத்திரிகைல துணுக்குச் செய்தி போட ஒரு ஆளை வச்சு வேலை பாக்குறா. அதைவிட முக்கியமானது கடைசி அங்கத்துல வருது. ஒரு கணவர் தன் மனைவிய இன்னொருத்தன் ரூம்ல கண்டுபிடிச்சிட்டார், இவ்ளோதான் நடந்தது, ஆனா கொஞ்ச நேரத்துல அவர் சண்டை போட்டு சாகக் கிடக்கிறார்னு ஊரெல்லாம் பேச்சு. ஒருத்தன் வாள் சண்டைங்கிறான், இன்னொருத்தன் இல்ல துப்பாக்கின்னு சொல்லி, குண்டு கணப்பு மேல இருந்த வெண்கலச் சிலைல பட்டு ஜன்னல் வழியா வெளிய போய் அப்பத்தான் கடிதம் கொண்டு வந்த போஸ்ட்மேனைக் காயப்படுத்திடுச்சுன்னு அந்தக் கடிதம் எந்த ஊர்லருந்து வந்துச்சுங்கிற வரைக்கும் சொல்றான். அந்த நேரம் பாத்து கணவர் நல்லா முழுசா உள்ள நடந்து வர்றார். சண்டையே நடக்கல.

இதை வாசிச்சிட்டு, இப்போ ஓடுற சர்ச்சைல வைரலான ஒரு போஸ்ட்டை எடுத்து அதுல இருக்கிற துல்லியமான விவரத்தை மட்டும் அடிக்கோடு போடுங்க. அந்த ரூம்ல என்ன பேசினாங்க, என்ன டிரஸ், எத்தனை மணி. ஒவ்வொண்ணுக்கும் இதைப் பாக்குற இடத்துல யாரு இருந்தாங்கன்னு கேளுங்க. யாருமே இருந்திருக்க முடியாதுன்னா அந்த விவரத்தை ஓரமா வச்சிடுங்க. விவரம் கூடக்கூட உண்மை மாதிரி தெரியும், அதனாலதான் அதைத் தனியா பிரிச்சுப் பாக்கணும்.

அடுத்தது வீடியோ கிளிப். இதுக்கு ஷேக்ஸ்பியரோட ஒத்தெல்லோ நாடகத்தைத் தாண்டி எனக்கு வேற எதுவும் தோணல. அதுல ஒத்தெல்லோ ஒரு தளபதி, அவனைக் கவுக்கப் பாக்குறவன் இயாகோ, ஒத்தெல்லோவோட மனைவிக்கும் காசியோவுக்கும் தொடர்புன்னு நம்ப வைக்கிறான். எல்லாரும் கைக்குட்டையைத்தான் ஞாபகம் வச்சிருப்பாங்க, ஒத்தெல்லோவோட மனைவி தொலைச்ச கைக்குட்டை இயாகோ கைக்கு வந்ததும் அவன் அதை காசியோ ரூம்ல போட்டுடுவான், சரி. ஆனா நாலாவது அங்கத்துல முதல் காட்சிய மெதுவா வாசிங்க. இயாகோ ஒத்தெல்லோவை ஒதுங்கி நிக்கச் சொல்றான், அங்கருந்து காசியோ பேசுறதைப் பாக்கச் சொல்றான். காசியோ சிரிக்கிறான், கைய ஆட்டி ஏதோ நடிச்சுக் காட்டுறான், அவன் பேசுறது பியாங்காங்கிற இன்னொரு பொண்ணைப் பத்தி, ஒத்தெல்லோவுக்கு அது சரியா காதுல விழல, தன் மனைவியப் பத்திதான் இவன் பெருமையடிக்கிறான்னு முடிவு பண்ணிடுறான். கண்ணால பாத்த சாட்சி வேணும்னு கேட்டவன் அவன், கண்ணாலயும் பாத்துட்டான், ஆனா என்ன பாக்குறோம்னு அவனுக்கு முன்கூட்டியே சொல்லி வச்சது இயாகோ. ஒரு 15 செகண்ட் வீடியோவும் அதுக்கு மேல ஓடுற கேப்ஷனும் நமக்குப் பண்றது அப்படியே இதுதான்.

அதனால கிளிப்பை முதல்ல சவுண்டையும் கேப்ஷனையும் மறைச்சிட்டு ஒரு தடவை பாருங்க. கண்ணுல பட்டதை மட்டும் எழுதுங்க, "கோவமா இருக்கார்"னு எழுதக்கூடாது, "கைய வேகமா எடுத்தார்"னு எழுதணும். ரெண்டாவது தடவை சவுண்டோட பாருங்க. மூணாவது தடவைதான் கேப்ஷனோட. உங்க குறிப்புல எந்த வரி கேப்ஷன் வந்த அப்புறம்தான் சேர்ந்துச்சுன்னு பாத்தா உங்களுக்கே தெரியும். இதுக்கு முன்னாடி பின்னாடி என்ன இருந்துச்சு, யாரு வெட்டினதுன்னும் தேடுங்க.

நம்ம சிலப்பதிகாரமும் இந்த இடத்துலதான் கை கொடுக்குது. பாண்டியன் சபைல ரெண்டு சிலம்பும் வெளிய பாத்தா ஒரே மாதிரி, பொற்கொல்லன் சொன்னான், மன்னன் விசாரிக்காம கோவலனைக் கொல்லச் சொல்லிட்டான். கண்ணகி "தேரா மன்னா"ன்னு ஆரம்பிச்சு சிலம்பை உடைக்கிறா, அரசியோட சிலம்புல முத்து, இவளோடதுல மாணிக்கம். ஒவ்வொரு சர்ச்சைலயும் உடைச்சுப் பாக்கக்கூடிய பொருள் ஒண்ணாவது இருக்கும், முழு இன்டர்வியூ, கோர்ட் ஆவணம், மெசேஜ் அனுப்பின தேதி. அது என்னன்னு கண்டுபிடிச்சு எழுதி வைங்க, அது வெளிய வர்ற வரைக்கும் தீர்ப்பை ஒத்திப்போடுங்க.

மன்னிப்பு வீடியோ வர்ற கட்டம் வந்துச்சுன்னா சிகாகோங்கிற நாடகத்தைப் பாருங்க. மாரீன் வாட்கின்ஸ் சிகாகோ ட்ரிப்யூன்ல ரிப்போர்ட்டரா இருந்தவங்க, 1924ல கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ரெண்டு பொண்ணுங்களோட வழக்கைப் பத்தி எழுதினாங்க, ரெண்டு பேருமே விடுதலை ஆனாங்க, 1926ல அதை வச்சே நாடகம் வந்துச்சு, 1975ல அது மியூசிக்கல், அதாவது பாட்டு நாடகம் ஆச்சு. அந்த மியூசிக்கல்ல பத்திரிகைக்காரங்க முன்னாடி வக்கீல் பேசுவார், கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ராக்ஸி அவர் மடில பொம்மை மாதிரி வாய் அசைப்பா. சுத்தி நிக்கிற நிருபர்களும் அந்தக் கதைய அப்படியே வாங்கித் திருப்பிப் பாட ஆரம்பிச்சிடுவாங்க, அதுதான் எனக்கு அந்தக் காட்சில ரொம்ப முக்கியம், கதை எப்படி வாய் மாறி ஊர்ப்பேச்சா ஆகுதுன்னு கண்ணு முன்னாடி தெரியும்.

இதைப் பாத்தப்புறம் ஒரு மன்னிப்பு அறிக்கைய எடுத்து வினைச்சொல்லை மட்டும் பாருங்க. "நான் செஞ்சேன்"னு இருக்கா, "நடந்துடுச்சு"ன்னு இருக்கா. யார்கிட்ட மன்னிப்பு, பாதிக்கப்பட்டவங்ககிட்டயா ரசிகர்கள்கிட்டயா. என்ன செஞ்சதுக்குன்னு பேர் சொல்லி இருக்கா. அறிக்கைல வந்த வார்த்தையே அடுத்த நாள் செய்தித் தலைப்புலயும் அச்சு அசலா வந்துச்சுன்னா, அந்த நிருபர்கள் காட்சிய ஒரு தடவை நினைச்சுக்கங்க.

இப்போ நான் ரொம்ப அக்கறையோட சொல்ல விரும்புற விஷயம். நாடகம் எல்லாப் பக்கத்தையும் காட்டும்னு சொல்லிட்டு, பாதிக்கப்பட்டவங்க சொல்றதைக் கரைச்சிடக் கூடாது. ஆர்டெமிசியா ஜென்டிலெஸ்கின்னு ஒரு இத்தாலிய ஓவியர், அவங்க அப்பாவோட சேர்ந்து வேலை பாத்த அகோஸ்டினோ டாசிங்கிறவன் அவங்களை பலாத்காரம் பண்ணினான், 1612ல ரோம்ல விசாரணை நடந்துச்சு. சாட்சி சொன்ன ஆர்டெமிசியாவோட விரல்லதான் கயிறு கட்டி இறுக்கினாங்க, சொல்றது உண்மையான்னு சோதிக்க. அவங்க திரும்பத் திரும்ப "உண்மை"ன்னு சொன்னது பதிவுல இருக்கு. டாசி குற்றவாளின்னு தீர்ப்பு வந்துச்சு, தண்டனை ஒழுங்கா நடக்கல. அந்த விசாரணைப் பதிவை வச்சு 2018ல பிரிட்டன்ல ப்ரீச் தியேட்டர் குழு ஒரு நாடகம் போட்டாங்க, ஆவணத்துல இருக்கிற பேச்சையே வசனமா எடுக்கிற இந்த வகை சர்ச்சைகளைப் புரிஞ்சுக்க ரொம்பப் பொருத்தம், யாரு எந்தக் கேள்விய யார்கிட்ட கேட்டாங்கன்னு அப்பட்டமா தெரியும்.

ஆர்டெமிசியா வரைஞ்ச, யூதித்ங்கிற பொண்ணு ஒரு படைத்தலைவனோட தலைய வெட்டுற ஓவியத்தைப் பாக்குற எல்லாரும் இது பழிவாங்கல்னு ஒரே வார்த்தைல முடிச்சிடுறாங்க, எனக்கு அதுல முழு உடன்பாடு இல்ல. 1616ல ஃப்ளாரன்ஸ் ஓவிய அகாடமில சேர்க்கப்பட்ட முதல் பெண் அவங்க, அதுக்கப்புறமும் பல பத்து வருஷம் வரைஞ்சாங்க. ஒரு மனுஷியோட மொத்த வேலையையும் அவங்களுக்கு நடந்த ஒரு கொடுமை வழியாவே பாக்குறதும் இன்னொரு அநியாயம். அதனால புகார் சொன்னவங்களோட முழு அறிக்கைய முதல்ல வாசிங்க, அதைப் பத்தின ரியாக்‌ஷன் வீடியோ அப்புறம். அவங்க யாரு, என்ன வேலை செஞ்சாங்கன்னும் தேடுங்க.

ஒரு எச்சரிக்கையும் இருக்கு, நாடகத்தை ஆதாரமா எடுத்துக்காதீங்க. ஆர்தர் மில்லரோட தி க்ரூசிபிள் 1953ல வந்துச்சு, 1692ல அமெரிக்காவுல இருக்கிற சேலம்ங்கிற ஊர்ல நடந்த சூனியக்காரி விசாரணைய வச்சு. கூட்டமா பழி சுமத்துறது எப்படி நடக்கும்னு புரிய அதைவிட நல்ல நாடகம் கம்மி. ஆனா நிஜத்துல பதினொண்ணு பன்னெண்டு வயசுச் சின்னப் பொண்ணான, பழி சொன்ன அபிகெயிலை மில்லர் பதினேழு வயசாக்கி, பழி சுமத்தப்பட்ட அறுபது வயசு ப்ராக்டரை முப்பதுகள்ல இருக்கிறவரா ஆக்கி, ரெண்டு பேருக்கும் தொடர்புன்னு எழுதிட்டார். கதைக்கு அது உதவுது, ஆனா பழி சொல்ற பொண்ணுன்னாலே பொறாமைல பொய் சொல்றவன்னு ஒரு அச்சும் நம்ம மனசுல பதிஞ்சிடுது. அதனால ஒரு நாடகம் பாத்து முடிச்சதும் எழுதினவர் எதை மாத்தினார்னு கண்டிப்பா தேடிப் பாருங்க.

நண்பர்களோட சேர்ந்து வாசிக்க முடிஞ்சா ரொம்ப நல்லது. யாருக்கு எந்தப் பாத்திரம் பிடிக்கலையோ அதை அவங்களே சத்தமா வாசிக்கணும், அந்த ஆளுக்கு மன்னிப்பு கொடுக்க இல்ல, அவன் தனக்குத்தானே என்ன நியாயம் சொல்லிக்கிறான்னு கேக்க.

சத்தம் அடங்கின அப்புறமும் ஒரு வேலை பாக்கி இருக்கு. 1884ல பாரிஸ் கண்காட்சில ஓவியர் சார்ஜென்ட் வச்ச மேடம் எக்ஸ் ஓவியத்துல ஒரு தோள்பட்டை வார் கீழ நழுவி இருந்துச்சு, அதுக்கே பெரிய கூச்சல், அந்தப் பொண்ணோட அம்மா படத்தை எடுத்துடச் சொல்லிக் கெஞ்சினாங்க. ஓவியர் அப்புறம் வாரைத் தோள்மேல இருக்கிற மாதிரி மாத்தி வரைஞ்சார், லண்டன் போய் பெரிய ஆளானார், 1916ல நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியம் அதை வாங்குச்சு. மாடலா நின்ன பொண்ணுக்குத்தான் அவமானம். நம்ம பக்கத்துல, சினிமாக்காரங்களைப் பத்தி கிசுகிசு எழுதின பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கு, 1944 கடைசில நடிகர் எம்.கே.தியாகராஜ பாகவதரும் நகைச்சுவை நடிகர் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனும் கைதாகி, 1945ல தண்டனை ஆகி, அப்போ மேல்முறையீட்டுக்கு லண்டன்ல இருந்த பிரிவி கவுன்சில் வரைக்கும் போய் 1947ல ரெண்டு பேரும் விடுதலை ஆனாங்க. ஒரே வழக்கு, ஒரே தீர்ப்பு, ஆனா பாகவதருக்குப் பழைய இடம் திரும்பக் கிடைக்கவே இல்ல, கலைவாணர் நல்லதம்பி, மணமகள்னு படங்கள் வழியா மறுபடி எழுந்து வந்தார்.

அதனால உங்க பாத்திரப் பட்டியலைத் தூக்கிப் போடாதீங்க, ஃபோன்ல ஆறு மாசத்துக்கு ஒரு ரிமைண்டர் வச்சிடுங்க. அன்னைக்கு எடுத்துப் பாக்கும்போது யாருக்கு வேலை இருக்கு, யாருக்குப் போச்சு, புகார் கொடுத்தவங்க வழக்கு எங்க நிக்குது, தப்பா செய்தி போட்டவங்க திருத்தம் போட்டாங்களா, வட்டம் போட்டவங்கள்ல யாராவது பேசினாங்களான்னு ஒவ்வொரு பேர் பக்கத்துலயும் எழுதுங்க.