கேப் பிரெட்டனில் கெல்டிக் இசைவிழா: முதல் தடவை போகிறவர்களுக்கு

மாபூ பக்கம் ஓர் ஊர்க்கூடத்தில், என்னோடு ஜோடி சேர்ந்து ஆடிக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மாவை நடுத்தளத்தில் தனியாக நிற்கவிட்டு, நான் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். வாத்தியம் நின்றதும் ஆட்டம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். முடிந்தது மூன்றில் ஒரு பங்குதான். இந்தப் பதிவை எழுதத் தூண்டியது அந்த இரவு. நான்காம் படியில் அதை விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் விழாவைப் பற்றிக் கொஞ்சம். கேப் பிரெட்டன், கனடாவின் கிழக்கு ஓரத்தில் நோவா ஸ்கோஷியா மாகாணத்தைச் சேர்ந்த தீவு. 1955-ல் கடலைத் தூர்த்துச் சாலை போட்ட பிறகு வண்டியிலேயே உள்ளே போகலாம். ஸ்காட்லாந்து, அயர்லாந்து வழிவந்த இசையைத்தான் கெல்டிக் இசை என்கிறார்கள். அதற்கான கெல்டிக் கலர்ஸ் விழா 1997 முதல் அங்கே நடக்கிறது. அக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமை வரும் கனடிய நன்றி நவிலல் நாளுக்கு முந்தைய வெள்ளியன்று தொடங்கி ஒன்பது நாள். அந்தச் சமயத்தில் மேப்பிள் இலைகள் சிவந்து மலை முழுக்கத் தீப்பிடித்ததுபோல இருக்கும். பெயரில் உள்ள ‘கலர்ஸ்’ அதுதான்.

இதற்கென்று ஒரு பெரிய மைதானமோ ஒரே மேடையோ கிடையாது. தீவெங்கும் உள்ள ஆலயங்கள், பள்ளிகள், ஊர்க்கூடங்கள், தீயணைப்பு நிலையக் கூடங்கள் என்று ஒவ்வோர் இரவும் பல இடங்களில் ஒரே நேரத்தில் கச்சேரி நடக்கும். நாற்காலி போடுவது, தேநீர் ஊற்றுவது எல்லாம் அந்தந்த ஊர்க்காரர்கள். இது மனதில் பதிந்துவிட்டால் மற்ற படிகள் எளிது.

படி 1: ஊரைத் தேர்ந்தெடுங்கள், அப்புறம் கலைஞரை

முதல் வருடம் நான் பெயர் பார்த்து டிக்கெட் வாங்கினேன். ஓர் இரவு மேற்கே ஷெட்டிகாமில், மறுநாள் கிழக்கே லூயிஸ்பர்கில். வரைபடத்தில் சின்னத் தீவாகத்தான் தெரியும். ஆனால் அந்த இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய மூன்று மணி நேரப் பயணம். பாதி வழியில் தெருவிளக்கு இல்லை, மூஸ் மான் எப்போது சாலைக்கு வரும் என்று சொல்ல முடியாது. போய்ச் சேர்ந்தபோது இசையை ரசிக்கத் தெம்பில்லை. கச்சேரி முடிந்து ஊர்க்காரர்கள் தேநீரோடு பேச உட்கார்ந்த நேரத்தில் நான் வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தேன்.

இப்போது ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு மூன்று நான்கு நாள் அங்கேயே இருக்கிறேன். புதியவர்களுக்கு நான் சொல்வது இரண்டு இடங்கள்தான். பிடிலும் நடனமும் வேண்டுமென்றால் மேற்குக் கரையில் மாபூ, ஜூடிக், இன்வெர்னஸ் பக்கம். எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் பார்க்க வேண்டுமென்றால் தீவின் நடுவில் இருக்கும் பெடெக். அங்கிருந்து சிட்னியும் மாபூவும் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான், இரவு நேரக் கிளப் நடக்கும் செயின்ட் ஆன்ஸ் இன்னும் பக்கம். 298 கிலோமீட்டர் கேபட் டிரெயில் சாலையை ஒரே நாளில் சுற்றிவிட்டு இரவு கச்சேரிக்கும் போகலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சுற்றுவதற்குத் தனி நாள் ஒதுக்குங்கள்.

படி 2: வண்டி, அறை, டிக்கெட்

வண்டி கட்டாயம் வேண்டும். கூடத்துக்குக் கூடம் போகப் பேருந்தை நம்ப முடியாது. அறையை முதலில் பிடியுங்கள், டிக்கெட் விற்பனை தொடங்கிய அன்றே டிக்கெட். மலைப்பகுதியில் தொலைபேசிச் சிக்னல் அடிக்கடி போய்விடும் என்பதால் வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள். என்னைக் கேட்டால் விழாவின் அச்சிட்ட நிகழ்ச்சிப் புத்தகம்தான் சிறந்தது. எந்த ஊரில் பகலில் என்ன இருக்கிறது என்று ஒரே பக்கத்தில் தெரியும், மடித்துப் பையில் வைத்துக்கொள்ளலாம். தேநீருக்கும் குறுந்தகட்டுக்கும் கையில் கொஞ்சம் பணத்தாளும் இருக்கட்டும்.

படி 3: காதைப் பழக்குங்கள்

முதல் முறை கேட்பவர்கள் பலரும் “எல்லாப் பாட்டும் ஒன்றுபோல இருக்கிறதே” என்கிறார்கள். தாளத்தைப் பிரித்துக் கேட்டால் அந்தக் குறை போய்விடும். நமக்கு இது சுலபம், சொற்கட்டு இருக்கிறது.

ஜிக் என்றால் தகிட தகிட. வாய்க்குள் சொல்லிப் பாருங்கள், அப்படியே பொருந்தும். ரீல் என்றால் தகதிமி தகதிமி, வேகமாக, இடைவெளியில்லாமல் ஓடும். ஸ்ட்ராத்ஸ்பே என்று ஒன்று உண்டு. அதுவும் நான்கு எண்ணிக்கைதான், ஆனால் நடை நிதானம். குறில் முன்னால் வெட்டி விழ நெடில் பின்னால் நீளும். யாப்பில் ‘சுறா’ என்று நிரையசைக்கு எடுத்துக்காட்டுச் சொல்வார்களே, அந்த ஓசை. ஸ்காட்லாந்து இசையின் அடையாளமான வெட்டு அது.

மெட்டு பெரும்பாலும் இரண்டு பகுதி. ஒவ்வொன்றும் எட்டு அளவை (தாளத்தின் ஒரு சுற்று ஓர் அளவை), ஒவ்வொன்றையும் இரண்டு முறை வாசித்தால் 32 அளவை ஆகும். அப்புறம் நிறுத்தாமல் அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள். ஸ்ட்ராத்ஸ்பேயிலிருந்து ரீலுக்கு மாறும் அந்த நொடியில் கூட்டத்திலிருந்து ஒரு கூவல் எழும். எங்கே மாறும் என்று நீங்களும் எதிர்பார்க்கத் தொடங்கினால், அன்றைக்கே நீங்கள் பாதி உள்ளூர்க்காரர்.

பக்கவாத்தியம் பெரும்பாலும் பியானோ. பிடில்காரரை மட்டும் பார்க்காமல் பியானோ வாசிப்பவரின் இடது கையையும் கவனியுங்கள். ஆடுகிறவர்களின் காலை உந்தித் தள்ளுவது அந்தக் கைதான்.

இந்த இசை இங்கே எப்படித் தங்கியது என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து ஸ்காட்லாந்து மலைநாட்டிலிருந்து கப்பலேறி வந்த கேலிக் மொழிக் குடும்பங்கள், மெட்டுகளைச் செவிவழியாகவே தலைமுறைக்குத் தலைமுறை கொடுத்துவந்தன. 1971-ல் கனடாவின் பொது ஒலிபரப்பான சிபிசி தொலைக்காட்சியில் ஓர் ஆவணப்படம் வந்தது. கேப் பிரெட்டன் பிடில்காரர்கள் அருகிவருகிறார்கள் என்று அது சொன்னது. தீவு அதைச் சும்மா விடவில்லை. 1973-ல் கிளெண்டேலில் நூற்றுக்கும் மேற்பட்ட பிடில்காரர்கள் ஒன்றுகூடி வாசித்தார்கள். ரயில் நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டே இரவில் நடனங்களுக்கு வாசித்த ஜூடிக் ஊர் பட்டி மெக்மாஸ்டர், 2014-ல் இறக்கும்வரை அந்தத் தலைமுறையின் பெரிய பெயர். இன்று உலக மேடைகளில் வாசிக்கும் நட்டாலி மெக்மாஸ்டர் அவருடைய உடன்பிறந்தாரின் மகள்.

படி 4: சதுர நடனம்

மேற்குக் கரைக்குப் போனால் நடன இரவு ஒன்றையாவது விடாதீர்கள். மேற்கு மாபூ கூடத்தின் சனிக்கிழமை இரவு பேர்போனது. பாட்டியும் பேரனும் ஒரே தளத்தில் ஆடுவார்கள்.

இங்கேதான் நான் தவறினேன். சதுர நடனத்தில் ‘செட்’ என்பது ஓர் ஆட்டம், ஆனால் அதற்குள் மூன்று பாகம் உண்டு. முதல் பாகம் ஜிக், இரண்டாவதும் ஜிக், மூன்றாவது ரீல். பாகத்துக்கும் பாகத்துக்கும் நடுவே வாத்தியம் நிற்கும். ஜோடிகள் தளத்திலேயே நின்று மூச்சு வாங்கிக்கொண்டு பேசுவார்கள். யாரும் உட்கார மாட்டார்கள். ஒரே ஜோடியோடுதான் மூன்று பாகமும். மேடையிலிருந்து யாரும் அறிவிப்பதில்லை, எல்லாருக்கும் தெரியும். எனக்குத் தெரியவில்லை. முதல் ஜிக் முடிந்ததும் நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்த அம்மா திகைத்து நின்றார். பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் என் தோளைத் தட்டி, “இன்னும் இரண்டு இருக்கிறது, போ” என்றார். ஓடிப்போய் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துக் கையை நீட்டினார்.

ஆகவே வரிசை இது. செட் தொடங்கப்போகும்போது பிடில்காரர் சுருதி சேர்த்து நாலைந்து வில் வீச்சு வாசிப்பார். அதுதான் அழைப்பு. யாரை வேண்டுமானாலும் ஆடக் கேட்கலாம், ஆண் பெண் யார் கேட்டாலும் சரி. நன்றாக ஆடத் தெரிந்தவரைக் கேளுங்கள், இரண்டு பேரும் புதியவர்களாக இருந்தால் மொத்த வட்டமும் தடுமாறும். கைகோத்து வட்டத்துக்குள் போவது, பின்வாங்குவது, ஜோடியைச் சுழற்றுவது, ஜோடியோடு நடந்து சுற்றி வருவது என்று முதல் பாகத்திலேயே எல்லாம் வந்துவிடும். கை எங்கே இழுக்கிறதோ அங்கே போங்கள்.

சுழற்றுவதில்தான் பலருக்குத் தலைசுற்றும். வலது காலை நடுவில் ஊன்றி, இடது காலால் தரையைத் தள்ளித் தள்ளிச் சுற்றுங்கள், ஒற்றைக் காலால் தள்ளும் ஸ்கூட்டரைக் குழந்தைகள் ஓட்டுவதுபோல. பார்வை ஜோடியின் முகத்தில் இருக்கட்டும். சுவரைப் பார்த்தால் போச்சு. உடம்பைச் சற்றே பின்னால் சாய்த்து ஒருவர் எடையை ஒருவர் தாங்க வேண்டும். இது கைவந்ததும் மற்றதெல்லாம் தானாக வரும்.

மூன்றாம் பாகத்து ரீலில் தேர்ந்தவர்கள் காலடி வேலையைக் காட்டுவார்கள். பாதம் தரையை விட்டு எழும்புவதே தெரியாது, மேலுடம்பு அமைதியாக இருக்கும், சத்தம் மட்டும் காலிலிருந்து வரும். அதைப் பின்பற்ற முயல வேண்டாம், நடந்தாலே போதும்.

காலணி விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: தோல் அடிப்பாகம். ரப்பர் அடிப்பாகம் மரத்தளத்தைப் பற்றிக்கொள்ளும், முழங்கால் வலிக்கும். தனிப் பையில் எடுத்துப்போய் உள்ளே மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 5: துணி அடிக்கும் பாட்டு

நிகழ்ச்சிப் புத்தகத்தில் ‘மில்லிங் ஃப்ராலிக்’ என்று பார்த்தால் போய்விடுங்கள். நெய்த கம்பளித் துணியை நனைத்து, மேசையைச் சுற்றி உட்கார்ந்து அடித்து அடித்து இறுக்கமாக்குவார்கள். அந்த வேலைக்கென்றே பிறந்த கேலிக் பாட்டுகள். ஸ்காட்லாந்தில் இது பெண்களின் வேலையாக இருந்தது, கேப் பிரெட்டனில் ஆண்களும் சேர்ந்தார்கள். ஒருவர் அடி எடுத்துப் பாட, எல்லாரும் பல்லவி சொல்ல வேண்டும். பல்லவியில் பாதி பொருளில்லாத ஓசைச் சொற்கள், நம் நடவுப் பாட்டின் ‘தன்னானே’ போல. மொழி தெரியாவிட்டாலும் இரண்டாம் சுற்றில் வாய் சேர்ந்துகொள்ளும். காலி இடம் இருந்தால் மேசையில் உட்கார அவர்களே கூப்பிடுவார்கள். கூச்சப்படாமல் உட்காருங்கள்.

படி 6: இரவுக் கிளப்

செயின்ட் ஆன்ஸில் 1938-ல் தொடங்கிய கேலிக் கல்லூரி இருக்கிறது. மற்ற கச்சேரிகள் முடிந்ததும், இரவு பதினோரு மணி வாக்கில் விழாக் கிளப் அங்கே தொடங்கும். யார் வாசிப்பார்கள் என்று முன்கூட்டி அறிவிப்பதில்லை. மாலையில் வேறு வேறு ஊரில் வாசித்தவர்கள் அங்கே வந்து, அதுவரை சந்திக்காதவரோடு சேர்ந்து வாசிப்பார்கள். ஒரே இரவு போதும், மறுநாள் மதியம்வரை எதையும் திட்டமிடாதீர்கள். மது அருந்தினால் வண்டியைத் தொடக்கூடாது. குடிக்காத ஒருவரை முன்பே ஏற்பாடு செய்யுங்கள்.

படம் எடுப்பது பற்றி: ஒரு படம் எடுத்துவிட்டுத் தொலைபேசியைப் பைக்குள் போடுங்கள். முழு மெட்டையும் பதிவு செய்ய ஆசைப்பட்டால் வாசிப்பவரிடம் கேளுங்கள். மெட்டின் பெயரைக் கேட்டால் பெரும்பாலும் ஒரு கதையே கிடைக்கும். எனக்குக் கிடைத்த நட்புகள் எல்லாம் “அந்த மெட்டு யாருடையது?” என்ற கேள்வியில் தொடங்கியவைதான்.

பிற்சேர்க்கை

சைவம் சாப்பிடும் ஒரு வாசகர் மூன்று நாள் பன்னும் தேநீருமாக ஓட்டியதாக எழுதியிருந்தார். ஊர்க்கூட விருந்துகளில் கடல் உணவு சூப்பும் இறைச்சியும்தான் முதன்மை. முதல் நாளே கூடத்தை அழைத்துச் சொல்லிவிட்டால் ஏதாவது செய்து தருவார்கள். ஓட்ஸ் பிஸ்கட்டில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பதும் உண்டு, கேட்டுச் சாப்பிடுங்கள்.

இன்னொருவர், தீவில் ஸ்காட்லாந்து வழிவந்தவர்கள் மட்டும்தானா என்று கேட்டிருந்தார். முன்பே நான் எழுதியிருக்க வேண்டியது. தீவின் மூத்த குடிகள் மிக்மாக் மக்கள், அவர்கள் இதை உனமாகி என்கிறார்கள். எஸ்கசோனியைச் சேர்ந்த லீ கிரீமோ என்ற மிக்மாக் பிடில்காரர் 1999-ல் மறைந்தார். அவர் வாசிப்பை இன்றும் தீவில் மதிப்போடு சொல்வார்கள். ஷெட்டிகாம் பக்கம் பிரெஞ்சு பேசும் அக்கேடியர்கள். அவர்கள் ஊர் நிகழ்ச்சி ஒன்றையும் உங்கள் பட்டியலில் சேருங்கள்.

தனியாகப் போனால் ஆட ஜோடி கிடைக்குமா என்று நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். கிடைக்கும். சுவரோரம் பின்வரிசையில் உட்காராமல் தளத்தின் விளிம்பில் நில்லுங்கள், தோல் காலணியோடு. செட் தொடங்கும்போது வட்டத்துக்கு ஒரு ஜோடி குறைந்தால் யாராவது கையைப் பிடித்து இழுத்துவிடுவார்கள். வாத்தியம் நின்றதும் அங்கேயே நில்லுங்கள்.