மிச்சிகன் ஆட்டத்தில் நான் பணம் கட்டுவதில்லை

கல்லூரி அணிகள் ஆடும் அமெரிக்கன் ஃபுட்பாலில் பந்தயம் கட்டுவது பற்றிய பேச்சு இது; எங்கள் ஊர் அணி ஒஹாயோ ஸ்டேட். 2024 நவம்பர் 30, சனிக்கிழமை. என் நோட்டில் அந்த வரி அப்படியே இருக்கிறது: 'ஒஹாயோ ஸ்டேட், 20 கொடுத்து, 110 டாலர்.' பக்கத்தில் 'காரணம்' என்ற கட்டத்தில் 'மிச்சிகன் கதை முடிந்தது' என்று எழுதியிருக்கிறேன். ஆட்டம் முடிய 45 விநாடி இருக்கும்போது மிச்சிகன் ஒரு ஃபீல்டு கோல் (பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைப்பது) அடித்து, எங்கள் மைதானத்திலேயே, 13-10 என்று வென்றுவிட்டுப் போனது. இருபது புள்ளிக்குமேல் வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்று நான் கட்டிய அணி மூன்று புள்ளியில் தோற்றது. கட்டத்தில் நான் எழுதியது காரணமே அல்ல, வெறும் ஆசை.

ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸுக்கு வந்து பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. பகலில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் கணக்கு வேலை. இலையுதிர் காலம் வந்தால், இங்கே படிக்க வந்த நம் பிள்ளைகளில் யாராவது ஒருவர் 'அண்ணா, இதில் எப்படிப் பணம் கட்டுவது?' என்று கேட்டு வருவார். கட்டாதே என்றால் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்க் கட்டுகிறார்கள். அதற்கு ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்துவிடுவதே மேல்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2018 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்துக்கு இருந்த பழைய தடையை நீக்கியது. அதன்பின் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு விதி. ஒஹாயோவில் 2023 ஜனவரி 1 முதல் அனுமதி உண்டு, 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். மாநில எல்லைக்குள் நிற்கிறீர்களா என்று பந்தயச் செயலி சரிபார்க்கும். கல்லூரி விளையாட்டுத் துறையில் ஊழியராக இருப்பவர் கட்டவே கூடாது. அது கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் விதி. இந்தியாவில் இருந்தபடி முயல நினைப்பவர்கள், பணம் கட்டும் இணைய ஆட்டங்களைத் தடுத்து 2025 ஆகஸ்டில் அங்கே வந்த மத்தியச் சட்டத்தைப் படித்துவிட்டு அந்த நினைப்பை விட்டுவிடலாம்.

இனி ஆட்டத்துக்கு வருவோம். செயலியைத் திறந்தால் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் மூன்று எண்கள் தெரியும். மணிலைன் என்பது யார் வெல்வார் என்பதற்கு மட்டும். ஓவர்-அண்டர் என்பது இரு அணிகளின் புள்ளிகளையும் கூட்டினால் ஓர் எண்ணுக்கு மேலா கீழா என்பதற்கு. ஸ்ப்ரெட் என்பதுதான் பெரும்பாலோர் கட்டுவது. ஓர் அணிக்கு எதிரே −8.5 என்று இருந்தால், அந்த அணி குறைந்தது 9 புள்ளி வித்தியாசத்தில் வெல்ல வேண்டும். எதிரணிமேல் கட்டியவருக்கு அது 8 வித்தியாசத்தில் தோற்றாலும் பணம் உண்டு.

அந்த அரைப் புள்ளியை லேசாக நினைக்கக் கூடாது. 2025 ஜனவரி 20, அட்லாண்டாவில் தேசிய இறுதி ஆட்டம், ஒஹாயோ ஸ்டேட்டும் நோட்ரடேமும். நவம்பரில் சூடுபட்டதால் நான் கட்டவில்லை. என் வீட்டு நிலவறையில் உட்கார்ந்து பார்த்தோம். நண்பர் ஒருவர் 8.5 கொடுத்துக் கட்டியிருந்தார். வேறொரு செயலியில் அதே நேரம் 8 இருந்தது. அதைத் திறந்துபார்க்க அவருக்குச் சோம்பல். 31-7 என்று முன்னே இருந்தபோது சோபாவில் சாய்ந்து காலை நீட்டிவிட்டார். நோட்ரடேம் ஒவ்வொன்றாக அடித்து 31-23க்கு வந்தது. வித்தியாசம் 8. அங்கேயே முடிந்திருந்தால் 8 கொடுத்தவருக்குக் கட்டிய பணம் திரும்பி வரும், இவருக்கு மொத்தமும் போகும். மனிதர் எழுந்து நின்றுவிட்டார். எங்கள் அணி கோப்பையை வெல்லப்போகிறது, அவர் முகத்தில் துளி மகிழ்ச்சி இல்லை. கடைசி 26 விநாடியில் ஃபீல்டு கோல் விழுந்து 34-23 ஆன பிறகுதான் மூச்சு வந்தது. ஆகவே இரண்டு மூன்று செயலிகளில் கணக்கு வைத்துக்கொண்டு, கட்டுவதற்கு முன் எண்ணை ஒப்பிடுங்கள். முக்கியமாக 3, 7 ஆகிய எண்களைச் சுற்றி: ஃபீல்டு கோலுக்கு 3, டச்டவுனும் (பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோவது) கூடுதல் உதையும் சேர்ந்தால் 7 என்பதால் ஆட்டங்கள் அந்த வித்தியாசங்களில் அடிக்கடி முடியும். 6.5 கிடைக்கும் இடத்தில் 7.5 கொடுப்பது பைத்தியக்காரத்தனம்.

என் அப்பாவுக்கு ஒட்டன்சத்திரத்தில் தக்காளி மண்டி. எந்த விலைக்குப் போனாலும் மண்டிக்குக் கமிஷன் வந்துவிடும். இங்கேயும் அதே கதைதான். ஸ்ப்ரெட்டின் பக்கத்தில் −110 என்று இருக்கும். 100 டாலர் ஜெயிக்க 110 கட்ட வேண்டும் என்று பொருள். 21 முறை கட்டி 11 முறை வென்றால் 1,100 வரும், 10 முறை தோற்றதில் 1,100 போகும். அதாவது பாதிக்குமேல், 52.4 விழுக்காடு, ஜெயித்தால்தான் கைக்காசு கையில் நிற்கும். பார்லே என்று நாலைந்து ஆட்டங்களைக் கோத்துக் கட்டுவதற்குச் செயலி ஆசை காட்டும். மூன்று ஆட்டம் கோத்து 100 கட்டினால், எல்லாம் சரியாக வந்தபின் கைக்கு வருவது 696 டாலர் அளவுக்கு. பூவா தலையா என்று நியாயமாகப் போட்டால் 800 வர வேண்டும். இப்படிக் கமிஷன் எடுத்திருந்தால் அப்பாவை ஊரைவிட்டே துரத்தியிருப்பார்கள்.

கல்லூரி ஆட்டம் தொழில்முறை ஆட்டம் போன்றது அல்ல. சீசன் தொடக்கத்தில் பெரிய அணி சின்ன அணியைக் கூப்பிட்டு அடிக்கும். 2024 முதல் ஆட்டத்தில் ஒஹாயோ ஸ்டேட் ஆக்ரனை 52-6 என்று வென்றது. இத்தகைய ஆட்டங்களில் வெற்றி முடிவான பிறகு பயிற்சியாளர் முதல் வரிசையை உட்காரவைத்துவிடுவார். உங்கள் பணம் மூன்றாம் வரிசைப் பையன்கள் கையில் நிற்கும். நாற்பதுக்குமேல் ஸ்ப்ரெட் இருந்தால் நான் தொடுவதே இல்லை.

யார் ஆடுவார், யாருக்குக் காயம் என்பதும் இங்கே மூடுமந்திரமாகவே இருந்தது. ஒஹாயோ ஸ்டேட், மிச்சிகன் எல்லாம் இருக்கும் பிக் டென் என்ற பிரிவின் அணிகள் 2023 முதல் ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு பட்டியல் வெளியிடுகின்றன. அதைப் பார்க்காமல் காலையிலேயே கட்டுவதானால் எண் உண்மையிலேயே மலிவாக இருக்க வேண்டும். ஓவர்-அண்டர் கட்டுபவர் காற்றைப் பார்க்க வேண்டும். பனியைவிடக் காற்றுதான் பந்தை அலைக்கழிக்கும். கூடுதல் நேரத்துப் புள்ளியும் கணக்கில் சேரும் என்பதை மறக்காதீர்கள். 50.5க்குக் கீழே என்று கட்டி, ஆட்டம் 24-24 என்று சமனில் நின்றால் பெரும்பாலும் பணம் போனது போனதுதான்: கூடுதல் நேரத்தில் எதிரணியின் 25 கெஜக் கோட்டிலிருந்தே தொடங்குவதால் புள்ளி எளிதில் விழும். தனி வீரர் எத்தனை கெஜம் ஓடுவார் என்பதுபோன்ற கல்லூரிப் பந்தயங்களை ஒஹாயோ 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டது. நல்ல வேளை. இருபது வயதுப் பையனை, பணம் போனவர்களெல்லாம் ஃபோனில் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

பணத்துக்கு என் முறை இது. ஆகஸ்டில் ஒரு தொகை ஒதுக்குவேன், வீட்டுக்காரிக்குத் தெரிந்தே. ஓர் ஆட்டத்துக்கு அதில் நூற்றில் இரண்டு பங்கு. தோற்ற வாரம் அதைக் கூட்டுவதில்லை. கட்டும்போதே நோட்டில் எழுதிவிடுவேன்: எண், தொகை, காரணம். ஆட்டம் தொடங்கும்போது எண் எங்கே நின்றது என்பதையும் குறித்துவைப்பேன். நான் 6 கொடுத்து வாங்கியது தொடக்கத்தில் 7.5 ஆகியிருந்தால், தோற்றாலும் நல்ல கொள்முதல். ஒதுக்கியது தீர்ந்தபின் கை மறுபடியும் ஃபோனுக்குப் போகிறது என்றால், 'டைம் அவுட் ஒஹாயோ' திட்டத்தில் உங்கள் பெயரை நீங்களே தடைப் பட்டியலில் சேர்க்கலாம். 1-800-426-2537 என்ற உதவி எண்ணும் இருக்கிறது.

வரியை யாரும் யோசிப்பதில்லை. மாணவர் விசாவில் முதல் ஐந்து ஆண்டுகள் பொதுவாக நீங்கள் வரிக்கணக்கில் வெளிநாட்டவர்; இந்தியரானால் வென்ற பணத்துக்கு 30 விழுக்காடு வரி, தோற்றதைக் கழிக்க முடியாது. மற்றவர்களுக்கும் 2026 முதல் இழப்பில் 90 விழுக்காடுதான் கழியும்: 10,000 வென்று 10,000 தோற்றவர், கையில் ஒன்றும் இல்லாமலே 1,000க்கு வரி கட்டுவார்.

இத்தனைக்கும் பிறகு ஒஹாயோ ஸ்டேட் ஆட்டங்களில் நான் கட்டுவதை விட்டுவிட்டேன். இண்டியானா, பர்டூ, அயோவா என்றால் எண்ணை எண்ணாகப் பார்க்க முடிகிறது. மிச்சிகன் ஆட்டத்தன்று காலை பதினொரு மணிக்கு வெங்காய பஜ்ஜிக்கு மாவு கரைத்துவிடுவேன், ஆட்டம் பன்னிரண்டுக்கு. நோட்டு மாடியில் இருக்கும், ஃபோன் அதன்மேல்.