அடிப்படை உரிமை: பாலாற்றங்கரையில் அடிக்கடி நடக்கும் தவறுகள்

"இது என் அடிப்படை உரிமை" என்ற பேச்சை வேலூர் சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலக வாசலிலும் கேட்கலாம், காட்பாடி ஸ்டேஷனில் ஜன்னலோர சீட்டுக்கு நடக்கும் சண்டையிலும் கேட்கலாம். முதல் இடத்தில் பெரும்பாலும் அதில் நியாயம் இருக்கும். இரண்டாவது இடத்தில் நிச்சயம் இருக்காது. நம் ஊரில் உரிமைக் கோபத்துக்குக் குறைச்சல் கிடையாது. அந்தக் கோபம் யாரிடம் போக வேண்டும், எந்தப் பிரிவைப் பிடிக்க வேண்டும், எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பதில்தான் தவறுகிறோம். பணமும் மாதங்களும் அங்கேதான் வீணாகின்றன.

அரசாங்கம் மனமிரங்கிக் கொடுத்த சலுகையாக உரிமையைப் பார்ப்பதுதான் எல்லாத் தவறுகளுக்கும் வேர். 1806 ஜூலை 10 அதிகாலை வேலூர்க் கோட்டையில் நடந்ததைப் பள்ளியில் படித்திருப்போம். நெற்றிக் குறி கூடாது, தாடி கூடாது, தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகைதான் அணிய வேண்டும் என்று சிப்பாய்களுக்கு உத்தரவு வந்தது. மறுத்தவர்களுக்குக் கசையடி. பிறகு புரட்சி வெடித்தது, நூற்றுக்கணக்கான உயிர்கள் போயின, கவர்னர் பென்டிங்க் பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டார், உத்தரவும் வாபஸ் ஆனது. ஆனால் வாபஸ் வாங்கிய உத்தரவு உரிமை ஆகிவிடாது. அடுத்த கவர்னர் அதையே மறுபடி போட்டிருந்தால் தடுக்க ஒரு வரிச் சட்டம் கிடையாது. இன்றைக்கு அரசியலமைப்பின் 13-வது பிரிவு இருக்கிறது. அடிப்படை உரிமைக்கு முரணான சட்டம், முரண்படும் அளவுக்குச் செல்லாது என்கிறது அது. இருநூறு வருட வித்தியாசம் அந்த ஒரு பிரிவில் அடங்கியிருக்கிறது.

அந்தப் பிரிவு சும்மா வந்துவிடவில்லை. 1791-ல் அமெரிக்கர்கள் தங்கள் உரிமைப் பட்டியலை எழுதிவிட்டார்கள். இங்கே 1928-ல் மோதிலால் நேரு அறிக்கை கேட்டது, 1931-ல் கராச்சி காங்கிரஸ் தீர்மானம் கேட்டது. ஆங்கிலேயர் 1935-ல் கொண்டுவந்த சட்டத்தில் அப்படி ஒரு பட்டியலே இல்லை. கேட்டவர்களில் பலர் சிறைக் கம்பியை உள்ளேயிருந்து பார்த்தவர்கள். ராஜாஜி 1921 கடைசியில் சிறை சென்றபோது அடைக்கப்பட்டது வேலூரில்தான். அதே ராஜாஜி 1951-ல் மத்திய உள்துறை அமைச்சராக, விசாரணையில்லாமல் ஆளைப் பிடித்து வைக்கும் தடுப்புக்காவல் சட்டத்தை நீட்டிக்கும் மசோதாவை நாடாளுமன்றத்தில் முன்வைத்தார். அவரைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. நாற்காலியில் உட்காரும் யாருக்கும் அந்த ஆசை வரும் என்று நினைத்துத்தான் உரிமைகளை எழுத்தில் வைத்திருக்கிறார்கள். "நம்ம ஆட்சிதானே நடக்குது, பயமென்ன" என்பது ஆபத்தான நம்பிக்கை.

சென்னை மாகாணத்துக்காரர்களுக்கு இது நன்றாகவே தெரிந்திருக்க வேண்டும். அரசியலமைப்பு அமலுக்கு வந்த முதல் இரண்டு ஆண்டுகளில் வந்த பெரிய உரிமை வழக்குகளைப் பாருங்கள்: ஏ.கே. கோபாலன், ரொமேஷ் தாப்பர், செண்பகம் துரைராஜன், வி.ஜி. ராவ். நான்கிலும் வழக்கின் ஒரு பக்கம் நின்றது சென்னை அரசு. இதில் கோபாலன் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வேலூர் சிறையிலிருந்து தப்பிப் போனவர். 1950-ல் மறுபடி தடுப்புக்காவலில் வைக்கப்பட்டபோது, இம்முறை சுவரேறாமல் உச்ச நீதிமன்றம் போனார், தோற்றார். சட்டம் சொல்லும் நடைமுறையைப் பின்பற்றினால் போதும், அந்த நடைமுறை நியாயமானதா என்று, உயிரையும் சுதந்திரத்தையும் காக்கும் 21-வது பிரிவின் கீழ் பார்க்க வேண்டியதில்லை என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. நடைமுறை நியாயமாகவும் இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொல்ல 1978-ல் மேனகா காந்தி வழக்கு வரவேண்டியிருந்தது. நடுவில் நெருக்கடி நிலை. ஒருவரைச் சட்டவிரோதமாக அடைத்து வைத்தாலும், அவரை நீதிமன்றத்தில் நிறுத்தச் சொல்லிக் கேட்கும் ஆட்கொணர்வு மனு போட முடியாது என்று 1976-ல் உச்ச நீதிமன்றத்தின் நான்கு நீதிபதிகள் சொன்னார்கள். எச்.ஆர். கன்னா ஒருவர்தான் மறுத்தார். 1978-ல் வந்த 44-வது திருத்தத்துக்குப் பிறகு, நெருக்கடி நிலையிலும் 20, 21 பிரிவுகளை நிறுத்தி வைக்க முடியாது.

இந்தப் பழைய கதைக்கு இன்றைக்கு என்ன வேலை என்றால், தொரப்பாடி மத்திய சிறை வாசலில் நிற்கும் குடும்பங்களுக்கு வேலை இருக்கிறது. அவர்கள் செய்யும் பெரிய தவறு, சாதாரணக் கைதையும் தடுப்புக்காவலையும் ஒன்றாக நினைப்பது. சாதாரணக் கைது என்றால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். பயண நேரம் மட்டும் கணக்கில் வராது. கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் கைதே சட்டவிரோதம் என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடி உறுதிப்படுத்தியது. விரும்பிய வழக்கறிஞரைக் கலந்து பேசலாம். "சும்மா விசாரிச்சிட்டு அனுப்பிடுவோம்" என்று அழைத்துப் போய் இரண்டு நாள் உட்கார வைப்பதற்குச் சட்டத்தில் இடமே கிடையாது. அழைத்துப் போன நேரத்தையும் இடத்தையும் அப்போதே குறித்து வையுங்கள். பிறகு நீதிமன்றத்தில் வாதம் அந்த நேரத்தைச் சுற்றித்தான் வரும்.

தடுப்புக்காவல் வேறு. 24 மணி நேர விதி அதற்குப் பொருந்தாது என்று 22-வது பிரிவே சொல்கிறது. தமிழ்நாட்டில் இதற்குப் பெயர் பெற்றது 1982-ம் ஆண்டுச் சட்டம், நாம் சொல்லும் குண்டர் சட்டம். ஆள் ஏற்கெனவே ஏதோ வழக்கில் ரிமாண்டில் இருப்பார், அங்கேயே ஆட்சியரின் உத்தரவு போய்ச் சேரும். வீட்டில் இருப்பவர்கள் அந்தப் பழைய வழக்கின் ஜாமீனுக்கே செலவு செய்துகொண்டிருப்பார்கள். ஜாமீன் கிடைத்தாலும் ஆள் வெளியே வரமாட்டார். பன்னிரண்டு மாதம் வரை வைத்திருக்கலாம். இங்கே கவனிக்க வேண்டியது வேறு: உத்தரவுக்கான காரணங்கள் ஐந்து நாளுக்குள் கைக்கு வந்ததா, இணைத்த ஆவணங்கள் அவருக்குத் தெரிந்த மொழியில் இருக்கின்றனவா, அரசுக்கு முறையீடு அனுப்பினோமா, அதைத் தாமதமில்லாமல் பரிசீலித்தார்களா என்பவை. தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு ஓர் ஆவணத்தின் தமிழ்ப் பிரதியைத் தராததால் காவலையே ரத்து செய்த தீர்ப்பு, 1999-ல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் வந்தது. காவலுக்குப் போதிய காரணம் இருக்கிறதா என்று பார்க்கும் அறிவுரைக் கழகத்தின் முன் வழக்கறிஞர் வைத்து வாதாட உரிமை இல்லை, ஆனால் நேரில் பேசலாம். அந்த வாய்ப்பை "என்ன சொல்லி என்ன ஆகப்போகுது" என்று விட்டுவிடுபவர்கள் நிறைய. குண்டர் சட்ட ஆட்கொணர்வு மனுக்களில் பல வெற்றி பெறுவது இந்த நடைமுறைப் பிசகுகளால்தான். தன்னிச்சைக் கைதுக்கு எதிரான காப்புகளாக 22-வது பிரிவை 1949 செப்டம்பரில் அம்பேத்கர் கொண்டுவந்தபோது, 21-வது பிரிவில் விட்டுப்போனதை ஈடுகட்டத்தான் என்று சொல்லியே கொண்டுவந்தார். அதனால் "டெக்னிக்கலா தப்பிச்சிட்டான்" என்று யாராவது சலித்துக்கொண்டால் எனக்கு எரிச்சல் வரும். அந்த டெக்னிக்கல்தான் உரிமை.

அடுத்தது, தனியார்மீது அடிப்படை உரிமை வழக்கு போடக் கிளம்புவது. தனியார் கம்பெனி வேலையிலிருந்து நீக்கினால் அது பொதுவாகத் தொழிலாளர் சட்ட விஷயம். பக்கத்து வீட்டுக்காரர் சுவர் கட்டினால் சிவில் கோர்ட். அடிப்படை உரிமைகள் முதன்மையாக அரசைக் கட்டுப்படுத்துபவை, "அரசு" என்றால் யார் யார் என்று 12-வது பிரிவு சொல்கிறது. 19, 21 பிரிவுகளைத் தனியாருக்கு எதிராகவும் நாடலாம் என்று 2023-ல் ஓர் அரசியல் சாசன அமர்வின் பெரும்பான்மை சொல்லியிருக்கிறது. அதை நம்பி நேராக ரிட் (உயர் நீதிமன்றத்திலோ உச்ச நீதிமன்றத்திலோ ஆணை கேட்கும் மனு) போட ஓடாதீர்கள்.

அப்படியானால் டேனரிகள், அதாவது தோல் பதனிடும் ஆலைகள் மீது எப்படி வழக்கு நின்றது என்று கேட்பீர்கள். தண்ணீர் இல்லாத ஆறு என்று நம் ஊரைக் கேலி செய்வார்கள். வந்த கொஞ்சத் தண்ணீரும் குரோமியக் கழிவோடு வந்ததை அந்தக் கேலி சொல்வதில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கில், கழிவை விட்டது தனியார், ஆனால் கேள்வி கேட்கப்பட்டது அரசிடம். சுத்திகரிப்பு நிலையம் இல்லாமல் இயங்க எப்படி விட்டீர்கள், சட்டத்தை ஏன் அமல்படுத்தவில்லை என்பதுதான் கேள்வி. 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்பில், 21-வது பிரிவின் உயிர்வாழும் உரிமைக்குள் சுத்தமான காற்றும் தண்ணீரும் வந்தன. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும், கெடுதல் வருமுன் தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நீதிபதி குல்தீப் சிங் எழுதினார். தோல் பதனிடும் பகுதிகளில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ கெட்டுப்போனதைத் தீர்ப்பு பதிவு செய்கிறது. ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம், இழப்பீட்டைக் கணக்கிடத் தனி ஆணையம். இன்று இந்தியா முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் இந்த வழக்கை "வேலூர் வழக்கு" என்றே படிக்கிறார்கள்.

தீர்ப்பு வந்தாலே வேலை முடிந்தது என்று நினைப்பதும் தவறு என்பதற்கு அதே வழக்கைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடி பாலாற்றுக்கு வந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு மீதி இழப்பீட்டை அரசு கொடுத்துவிட்டு மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டும், கண்காணிக்க ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு வேண்டும் என்றது. 1991-ல் தொடங்கியதற்கு 2025-லும் உத்தரவு தேவைப்படுகிறது. நீதிமன்றம் உரிமையை அறிவிக்கும், அதைக் கிணற்றுத் தண்ணீர் வரை கொண்டுபோவது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், ஆட்சியர், விடாமல் மனு போடும் ஊர்க்காரர்கள் என்று ஒரு நீண்ட வரிசை.

தனியாரையும் நேரடியாகக் கட்டுப்படுத்தும் பிரிவுகள் சில உண்டு. தீண்டாமையை ஒழிக்கும் 17, கட்டாய உழைப்பைத் தடுக்கும் 23, அபாயமான வேலைகளில் குழந்தைகளைத் தடுக்கும் 24 இவற்றில் முக்கியமானவை. 23-வது பிரிவுதான் நம் பக்கத்தில் அதிகம் மீறப்படுவது, குறைவாகப் பேசப்படுவது. ஒரு குடும்பம் முன்பணம் வாங்கிவிட்டு மரம் வெட்டும் இடத்திலோ செங்கல் சூளையிலோ அரிசி ஆலையிலோ வேலை செய்கிறது. கணக்கு முடியாது, வெளியே போகவும் விடமாட்டார்கள். "கடன் வாங்கியிருக்காங்க, கழிக்கிறாங்க, இதுல என்ன தப்பு" என்று படித்தவர்களே கேட்பார்கள். 1976-ம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடனே செல்லாது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்கினாலே அது கட்டாய உழைப்புதான் என்று 1982-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மீட்கப்படுபவர்களில் இருளர் குடும்பங்கள் அதிகம். அவர்களை ஊருக்கு அனுப்பிவிட்டால் போதும் என்று நினைப்பது இன்னொரு தவறு. கோட்டாட்சியர் கையெழுத்திட்ட விடுதலைச் சான்று கையில் இல்லாவிட்டால் மறுவாழ்வுத் தொகை சிக்கலாகும், பழைய முதலாளி கடனைக் கேட்டு வந்து நிற்பார்.

17-வது பிரிவுக்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். 2019 ஆகஸ்டில், அப்போது வேலூர் மாவட்டத்திலிருந்த வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில், தலித் ஒருவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்க வேண்டி வந்தது. சுடுகாட்டுக்கான வழி அடைபட்டிருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. செத்தவருக்கு என்ன உரிமை என்று கேட்பவர்களுக்கு, 21-வது பிரிவின் கண்ணியம் சடலத்துக்கும் உண்டு என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. அப்புறம், அம்பேத்கர் பெயரில் ஒரு காலத்தில் மாவட்டமே இருந்த மண் இது.

சில சில்லறைத் தவறுகளையும் சொல்லிவிடுகிறேன். இந்தியக் குடிமகனாக இருந்தால்தான் உரிமை என்று நினைக்கிறோம். 19-வது பிரிவின் பேச்சுரிமை போன்றவை குடிமக்களுக்கு மட்டும். ஆனால் சமத்துவம் பேசும் 14-வது பிரிவும், 21-வது பிரிவும் "எந்த நபருக்கும்" உரியவை. சிஎம்சி-க்கு வைத்தியத்துக்கு வந்து லாட்ஜில் தங்கியிருக்கும் வங்கதேசத்து நோயாளிக்கும், முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழருக்கும் அவை உண்டு. அடுத்து சொத்து. 1978-க்குப் பிறகு அது அடிப்படை உரிமை இல்லை, 300-அ பிரிவின்கீழ் வரும் அரசியலமைப்பு உரிமை. சென்னை - பெங்களூரு விரைவுச் சாலைக்கு நிலம் போகிறதென்றால் நோட்டீஸ், ஆட்சேபம், இழப்பீடு என்று போராடலாம், உயர் நீதிமன்றமும் போகலாம், அடிப்படை உரிமைக்காக நேராக உச்ச நீதிமன்றம் போக வழிவிடும் 32-வது பிரிவைத் தூக்கிக்கொண்டு டெல்லி போக முடியாது. பேச்சுரிமைக்கு எல்லையே இல்லை என்று நினைத்து வாட்ஸ்அப்பில் எழுதுபவர்கள், அதற்கு நியாயமான கட்டுப்பாடுகளை அனுமதிக்கும் 19(2)-ஐ ஒருமுறை படித்துவிடுவது நல்லது. இட ஒதுக்கீடு சமத்துவத்துக்கு எதிரானது என்பவர்கள், 1951-ல் சென்னை மாகாண இட ஒதுக்கீட்டு உத்தரவைச் செல்லாது என்ற செண்பகம் துரைராஜன் வழக்குக்குப் பிறகு, பின்தங்கியவர்களுக்குச் சிறப்பு ஏற்பாட்டை அனுமதிக்கும் 15(4) ஏன் சேர்க்கப்பட்டது என்று பார்க்கலாம்.

கடைசியாக, எங்கே போவது. 32-வது பிரிவு அரசியலமைப்பின் இதயமும் ஆன்மாவும் என்று அம்பேத்கர் சொன்னது உண்மை. அதற்காக வேலூரிலிருந்து நேராக உச்ச நீதிமன்றம் போவது பெரும்பாலும் வீண் செலவு. சென்னை உயர் நீதிமன்றத்தின் 226-வது பிரிவு அதிகாரம் இன்னும் விரிவானது, அடிப்படை உரிமை அல்லாத சட்ட உரிமைகளுக்கும் அங்கே ரிட் போடலாம். வக்கீலுக்குப் பணமில்லை என்று பேசாமல் இருந்துவிடாதீர்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேட்டால் வழிகாட்டுவார்கள், 15100 என்ற எண்ணுக்கும் அழைக்கலாம். எங்கே போனாலும் முதலில் சம்பந்தப்பட்ட அதிகாரிக்கு எழுத்தில் மனு கொடுத்து, தேதியிட்ட ஒப்புகைச் சீட்டை வாங்கி வையுங்கள். "மனு கொடுத்தீர்களா, எப்போது?" என்பதுதான் ரிட் வழக்கில் நீதிபதி கேட்கும் முதல் கேள்வியாக இருக்கும்.