ரேடியேட்டருக்கு ஒரு கொசுவலை

மழைக்காலம் முடிந்த கையோடு ஆப்பிரிக்காவில் போட்ஸ்வானாவின் மொரேமி, சாவுட்டி வனவிலங்குப் பகுதிகள் பக்கம் சொந்த ஜீப்பில் போகிறீர்களா? ஜன்னலுக்கு அடிக்கும் நைலான் கொசுவலையில் ஒரு துண்டு வெட்டி, முன் கிரில் முழுவதையும் மூடும்படி கேபிள் டையால் கட்டிவிடுங்கள்.

அங்கே மழை பெரும்பாலும் நவம்பரிலிருந்து மார்ச் வரை. அதற்கு அப்புறம் இரண்டு சக்கரத் தடங்களுக்கும் நடுவே புல் பானெட் உயரத்துக்குக்கூட நிற்கும். அதை இடித்துக்கொண்டு போகும்போது காய்ந்த விதைகள் இன்ஜினைக் குளிர்விக்கும் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்குள் செருகிக்கொண்டு காற்றோட்டத்தை அடைத்துவிடும். அதுவும் மணலில், லோ கியரில், இன்ஜின் திணறும் நேரத்தில்! தகடுகளிலிருந்து விதையைக் கிளறி எடுப்பது பெரும்பாடு. வலையில் இருந்தால் கையால் தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

வலை காப்பது முன்பக்கத்தை மட்டும்தான். வண்டிக்கு அடியில் சைலன்சர் குழாயைச் சுற்றிச் சேரும் புல் தீப்பிடிக்கும். அப்படி முழு வண்டியே எரிந்துபோனதும் உண்டு. நிறுத்தும்போதெல்லாம் குனிந்து பாருங்கள், இழுத்துப்போட ஒரு கம்பிக் கொக்கி வைத்திருங்கள்.

செப்டம்பர், அக்டோபரில் புல் மேய்ந்தும் மடிந்தும் போயிருக்கும், வலை வேண்டியதில்லை. தார் சாலைக்கு வந்ததும் கழற்றிவிடுங்கள். வலையும் கொஞ்சம் காற்றைத் தடுக்கத்தான் செய்யும்.